வங்கி வரிசையில் ஓர் அரக்கவேட்டைக்காரன்

‘தி விட்சர் 3: வைல்ட் ஹன்ட்’ 2015 மே மாதம் வெளியான விளையாட்டு. அதன் வாள்சண்டையையும் காட்டையும் கடலையும் புகழ்ந்து எழுதியவர்கள் ஏராளம். எனக்கு அதில் பிடித்தது வேறு: மூலை முடுக்கெல்லாம் பதுக்கி வைத்திருக்கும் குறும்புகள். சினிமா, தொலைக்காட்சித் தொடர், சித்திரக்கதை, பாட்டி கதை என்று எங்கெங்கிருந்தோ எடுத்துவந்து, ஒன்றும் தெரியாதவர்கள் போல வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ‘ஈஸ்டர் எக்’ என்பார்கள். இந்த மதிப்புரை அவற்றுக்கு மட்டும்.

சேலம் கலெக்டர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், தட்டச்சுக் கடை நடத்துகிறேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை என்று பகல் முழுவதும் அடுத்தவர் குறையை ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி ‘இப்படிக்கு’ என்று முடித்துக் கொடுப்பதுதான் தொழில். இரவில் கடையை அடைத்துவிட்டு, அக்காள் மகன் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக்கொடுத்த கணினியில் கெரால்ட்டாக மாறிவிடுவேன். நரைத்த தலையும் முதுகில் இரண்டு வாளுமாக ஊர் ஊராகப் போய்க் கூலிக்கு அரக்கர்களை ஒழிப்பவன் கெரால்ட். போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சாப்கோவ்ஸ்கியின் கதைகளில் பிறந்தவன். விளையாட்டை உருவாக்கிய சி.டி. ப்ராஜெக்ட் ரெட் நிறுவனமும் போலந்துதான்.

இந்தக் குறும்புகளைத் தரம் பிரிக்க எனக்கு ஒரே அளவுகோல்தான். மூலம் தெரியாதவனுக்கும் அந்தக் காட்சி நிற்கிறதா? நின்றால் நல்ல குறும்பு. மூலம் தெரிந்தவன் மட்டும் தொடையைத் தட்டிச் சிரிக்க, மற்றவன் விழித்துக்கொண்டு நிற்பானென்றால் அது வெறும் கண்சிமிட்டல்.

இந்த அளவுகோலில் முதலிடம், சந்தேகமே இல்லாமல், வங்கிக் காட்சிக்கு. 2016 மே மாதம் வந்த ‘பிளட் அண்ட் வைன்’ என்ற விரிவாக்கத்தில் (மூல விளையாட்டோடு பின்னால் சேர்க்கும் கூடுதல் கதை), தூசாங் நாட்டுத் தலைநகரில், சியான்ஃபனெல்லி வங்கி இருக்கிறது. கெரால்ட்டுக்கு அங்கே பணம் வரவேண்டும். போனால், அவன் இறந்துவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது, ஆகவே கணக்கு முடக்கம். ‘நான்தான் இதோ நிற்கிறேனே’ என்ற வாதம் எடுபடவில்லை. ஏ38 என்ற அனுமதிச் சீட்டு வேண்டுமாம். அதற்கு அந்தச் சன்னல், அந்தச் சன்னலில் கேட்டால் இந்தச் சன்னல். வரிசையில் நின்று முறை வரும்போது ஊழியருக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. அடுத்தவர் மனத்தை வளைக்கும் மந்திரம் கையில் உள்ளவன், சிங்க உடலும் கழுகுத் தலையும் கொண்ட கிரிஃபினை வெட்டிச் சாய்த்தவன், ஒரு காகிதத்துக்காகக் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறான்.

மூலம் என்னவென்றால், 1976இல் வந்த ஆஸ்டெரிக்ஸ் கார்ட்டூன் படம். ஆஸ்டெரிக்ஸுக்கு விதிக்கப்பட்ட பன்னிரண்டு சோதனைகளில் ஒன்று, ஆளைப் பைத்தியமாக்கும் ஓர் அலுவலகத்தில் இதே ஏ38 சீட்டை வாங்கி வருவது. மாடி ஏறி இறங்கிச் சலித்த ஆஸ்டெரிக்ஸ் கடைசியில், புதிய சுற்றறிக்கையின்படி ஏ39 என்ற சீட்டு வேண்டும் என்று, இல்லாத ஒன்றைக் கேட்பான். அதைத் தேடி ஓடி அலுவலகமே பைத்தியமாகிவிடும். எனக்கு அந்தப் படம் பின்னால்தான் தெரியவந்தது. ஆனால் வங்கிக் காட்சியில் முதல்முறையே வயிறு குலுங்கச் சிரித்தேன். ஆண்டுதோறும் நவம்பரில் ஓய்வூதியக்காரர்கள் தாம் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்கும் நாடு இது. உத்தரப்பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்டத்தில் லால் பிஹாரி என்ற விவசாயி, வருவாய்த் துறைக் காகிதத்தில் 1975 முதல் 1994 வரை இறந்தவராகவே இருந்தார். தன்னைப் போன்றவர்களுக்குச் சங்கமே தொடங்கினார். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கெரால்ட்டின் நிலைமையை விளக்கவே வேண்டாம். அந்தச் சீட்டை அவன் எப்படி வாங்குகிறான் என்பதைச் சொல்லப்போவதில்லை. தொழில் ரகசியங்கள் சில அதில் இருக்கின்றன.

‘மாமா, இதை எழுதியவன் நம் தாலுகா அலுவலகத்துக்கு வந்திருக்கிறான்’ என்றான் அக்காள் மகன். வந்திருக்கத் தேவையில்லை மாப்பிள்ளை, போலந்தும் நாற்பது ஆண்டுக்கு மேல் கம்யூனிஸ்ட் ஆட்சியில் வரிசையில் நின்ற நாடுதான் என்றேன்.

அடுத்த இடம் ஹட்டோரிக்கு. நோவிகிராட் நகரத்தில் கொழுக்கட்டை விற்கும் ஓர் எல்ஃப், அதாவது கூர்ங்காது கொண்ட கற்பனை இனத்தவன். விசாரித்தால், ஒருகாலத்தில் பெயர்பெற்ற வாள் செய்பவன். தொழிலை ரௌடிக் கும்பல் மடக்கிவிட்டதால் மாவு பிசைந்துகொண்டிருக்கிறான். 2003இல் வந்த க்வென்டின் டாரன்டினோவின் ‘கில் பில்’ படத்தில், வாள் செய்வதை விட்டுவிட்டு ஒகினாவாவில் சுஷி கடை நடத்தும் ஹட்டோரி ஹன்சோதான் இவனுக்கு மூலம். அந்தப் பாத்திரத்துக்கே ஒரு மூலம் இருக்கிறது: அதில் நடித்த சன்னி சிபா, 1980களில் ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரில் ஹட்டோரி ஹன்சோவாகவே நடித்தவர். அந்தப் பெயருக்கும் பின்னால் போனால் டொகுகாவா இயேயாசுவிடம் பணியாற்றிய 16ஆம் நூற்றாண்டுச் சாமுராய் நிற்கிறார். இப்படிப் படிப்படியாக இறங்கும் கிணறு எனக்குப் பிடிக்கும். எதுவும் தெரியாமல் விளையாடினாலும் நஷ்டமில்லை. நல்ல கைத்தொழிற்காரன் பிழைப்புக்கு வேறு வேலை செய்வதைக் காட்டுவதற்கு சேலத்தில் சினிமா எதற்கு? நெசவு விட்டுவிட்டுத் தட்டுவடை செட் போடும் கடைக்காரர் என் தெருவிலேயே இருக்கிறார். ஹட்டோரியை மீண்டும் உலைக்களத்துக்கு அனுப்பும் வேலையை நான் முழு மனத்தோடு செய்தேன். கஞ்சமலை இரும்பு அவனுக்குக் கிடைத்திருந்தால் இன்னும் நல்ல வாளாக வந்திருக்கும் என்பது என் ஊர்ப்பற்று.

ஸ்கெலிகே தீவுகளில் ஒரு கோபுரம் திடீரென முளைக்கும் கதை உண்டு. அதன் மந்திரக் காவல், உள்ளேயிருக்கும் சொந்தக்காரனையே வெளியே விடாமல் பூட்டிவைத்திருக்கிறது. காவலின் பெயர் ‘டிஃபென்சிவ் ரெகுலேட்டரி மேஜிகான்’, முதலெழுத்துகளைச் சேர்த்தால் டி.ஆர்.எம். காசு கொடுத்து வாங்கியவனையே திருடனைப் போலச் சோதிக்கும் நகல்தடுப்புப் பூட்டுக்கு விளையாட்டு உலகில் அதுதான் பெயர். திறக்க உதவும் புத்தகம் ‘காட்ஃபிரீட்ஸ் ஆம்னி-ஓபனிங் கிரிமோர்’. அதன் முதலெழுத்துகளில் ஒளிந்திருக்கும் ஜி.ஓ.ஜி. என்பது அந்தப் பூட்டே இல்லாமல் விளையாட்டு விற்க சி.டி. ப்ராஜெக்ட் குழுமம் 2008இல் தொடங்கிய இணையக் கடை. அதாவது கதைக்குள் ஒரு விளம்பரப் பலகை. ஆனாலும் மன்னித்துவிட்டேன். 1994இல் வார்சாவில் குறுந்தகடு விற்கத் தொடங்கியது சி.டி. ப்ராஜெக்ட். திருட்டுத்தட்டு மலிந்த சந்தையில், ‘பால்டர்ஸ் கேட்’ விளையாட்டை 1999இல் போலந்து மொழிக்கு மாற்றி, நல்ல பெட்டியில் கூடுதல் பொருள்களோடு கொடுத்துத்தான் வாடிக்கையாளரைப் பிடித்தது. பூட்டைவிடப் பொருளின் தரம் நல்ல காவல் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. குறை என்னவென்றால், ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் படிக்காதவருக்கு இந்தக் குறும்பு கண்ணிலேயே படாது. என் அளவுகோலில் பாதி மதிப்பெண்.

அதே ஸ்கெலிகேயில் ஒரு கோட்டையில், ஒரு பக்கம் சுவரே இல்லாமல் பாதாளத்தைப் பார்த்துத் திறந்த சிறையறை. உள்ளே ஒரு குள்ளனின் பிணம். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் டிரியன் லானிஸ்டரை அடைத்த வான்சிறை. பார்த்தவருக்கு ஒரு புன்னகை, பார்க்காதவருக்கு ஒரு பிணம். அவ்வளவுதான். கண்சிமிட்டல்.

போலந்துக்காரர்களுக்காக வைத்தவைதான், வேடிக்கையாக, எனக்கு மிகவும் நெருக்கமாக வந்தன. வேலன் என்ற சதுப்புநிலப் பகுதியில், ஆடு வளர்க்கும் ஒரு மந்திரவாதி, தீவொன்றில் இரவில் முன்னோர் ஆவிகளை அழைத்துச் சடங்கு செய்கிறான். துணைக்குக் கெரால்ட். அந்தச் சடங்கு ‘ஜ்யாடி’. போலந்து, பெலாருஸ், லிதுவேனியா பகுதிகளில் இறந்தோருக்கு உணவு படைத்து அழைக்கும் பழைய வழக்கம்; ஆடம் மிட்ஸ்கியேவிச் அதே பெயரில் கவிதை நாடகமே எழுதியிருக்கிறார். போலந்தில் பள்ளிக்கூடம் போனவர்களுக்குப் பாடப்புத்தகம் நினைவு வரும். எனக்கு ஆடி அமாவாசையன்று பவானி கூடுதுறைக்கு எள்ளும் வாழைக்காயுமாகப் போன நினைவு வந்தது. விளையாட்டில் ஆவிகளோடு வாளெடுத்துச் சண்டை போடவேண்டியிருக்கிறது. நம் ஆள்கள் காக்கை வடிவில் வந்து சோற்றை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அவ்வளவு தகராறு இல்லை.

இனி வருவது 2015 அக்டோபரில் வந்த ‘ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்’ விரிவாக்கத்தின் கதைமுடிச்சு. விளையாடப்போகிறவர்கள் ஒரு பத்தி தாண்டிக்கொள்ளுங்கள். ஓல்கியெர்ட் என்ற பிரபு, கான்டர் ஓ’டிம் என்ற சாத்தானிடம் உயிரை அடகுவைத்திருக்கிறான். நிபந்தனை: இருவரும் நிலாவின்மேல் நின்றால்தான் கடனை வசூலிக்கலாம். நடக்காத காரியம் என்று நினைத்திருந்தவனை, தரையில் நிலா பதித்த பழைய கோயிலுக்கு வரவழைத்துவிடுகிறான். போலந்தின் பான் ட்வார்டோவ்ஸ்கி கதை இது. ரோமில் வைத்து மட்டும் தன் உயிரை எடுக்கலாம் என்று சாத்தானோடு ஒப்பந்தம் போட்ட மந்திரவாதி, ‘ரோம்’ என்று பெயர்வைத்த விடுதிக்குள் தெரியாமல் நுழைந்து மாட்டிக்கொள்கிறான். பிறகு தப்பி, நிலாவில் போய் உட்கார்ந்துவிட்டானாம். நம் நிலாவில் பாட்டி வடை சுட்டுக்கொண்டிருக்க, அவர்கள் நிலாவில் கடன்காரன் ஒளிந்திருக்கிறான். உள்ளேயும் அல்ல வெளியேயும் அல்ல, பகலும் அல்ல இரவும் அல்ல என்று வரம் வாங்கிய இரணியன் வாசற்படியில் கிழிபட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு, நிலா என்ற சொல் வந்தவுடனே எங்கோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துவிடும். பத்திரத்தில் நிபந்தனை எழுதும்போது நான் இரண்டுமுறை படிப்பதும் அதனால்தான்.

அதே விரிவாக்கத்தில் ஏலக்கூடத்தின் பெட்டகத்தைக் கொள்ளையடிக்கும் பகுதிக்கு ‘ஓபன் செசமி’ என்று பெயர். அலிபாபாவின் மந்திரம். தமிழில் அதை ஊரெல்லாம் மனப்பாடமாக்கிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, 1956இல் எங்கள் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த வண்ணப்படம். ஏற்காடு சாலையில் அந்த ஸ்டூடியோவின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. தூசாங்கின் கதைப்புத்தக உலகத்தையும் சொல்லவேண்டும்: அங்கே மூன்று பன்றிக்குட்டிகள் பாய்ந்து கடிக்க வருகின்றன, நீள்கூந்தல் இளவரசி தன் கூந்தலாலேயே தூக்கில் தொங்கிப் பேயாகிவிட்டாள், தீக்கல் விற்கும் சிறுமி அது விலைபோகாமல் போதைச் சரக்குக்கு மாறிவிட்டாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அந்தச் சிறுமி மட்டும் உறுத்தினாள்.

பிடிக்காததும் இருக்கிறது. 2022 டிசம்பரில் வந்த இலவசப் புதுப்பிப்பில், இதே கதையின் நெட்ஃபிளிக்ஸ் தொடரில் வரும் கவசத்தை விளையாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். மெருகேறிய காட்சிகள் சரி, கவசம் வெறும் கடைவிரிப்பு. அதோடு ஒப்பிட்டால், கெரால்ட் மகளாக வளர்த்த, உலகம் விட்டு உலகம் தாவும் சிரி என்ற பெண் சொல்லும் ஓர் உரையாடல் எவ்வளவு நாசூக்கு! தான் ஒளிந்திருந்த ஓர் உலகத்தில் மனிதர்கள் தலையில் உலோகம் பொருத்தியிருந்தார்கள், குதிரையே இல்லை, ஆளுக்கொரு பறக்கும் கப்பல் என்கிறாள். சி.டி. ப்ராஜெக்ட் ரெட் 2012இலேயே அறிவித்து 2020இல் வெளியிட்ட ‘சைபர்பங்க் 2077’ விளையாட்டின் உலகம்தான் அது. அதுவும் சொந்தச் சரக்குதான், ஆனால் கதை சொல்லும் தொனியில் வருகிறது.

தமிழில் வசன வரிகள் இல்லை. ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்கத் தெரியாதவருக்குப் பாதிக் குறும்பு ஓடிவிடும். எழுத்தளவைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள், நாற்பது கடந்தவர்கள் அவசியம். புதிய பதிப்புக்கு 50 ஜிபி இடம் வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் கணினி அடுப்பாகிவிடுகிறது. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலைபார்க்கும் நண்பர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு விளையாடுவதாகச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறார். இது வயதுவந்தோருக்கான விளையாட்டு: வெட்டிய தலைகளும் நிர்வாணமும் தாராளம், பன்றிக்குட்டிக் கதை வருகிறதே என்று பிள்ளைகளை உட்காரவைத்துவிடாதீர்கள்.

வாங்குவதானால் இரண்டு விரிவாக்கங்களும் சேர்ந்த முழுப் பதிப்பை, தள்ளுபடி வரும்போது வாங்குங்கள், அடிக்கடி வருகிறது. முழுக் கதைக்கும் நேரமில்லை, வங்கியைத்தான் பார்க்கவேண்டும் என்றால், தொடக்கத் திரையிலேயே ‘பிளட் அண்ட் வைன்’ பகுதியை மட்டும் தனியாகத் தொடங்க வழி இருக்கிறது. தேவையான பலத்தோடு கெரால்ட்டைத் தயாராகக் கொடுத்துவிடுகிறார்கள். வங்கியில் அந்தப் பலம் எதற்கும் பயன்படாது.