பன்னிரண்டு வருடம் கழித்து வந்த கேட் புஷ்: 'ஏரியல்' ஆல்பம் கேட்ட அனுபவம்

பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ் என்றதும் இப்போது நிறையப் பேருக்கு 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர்தான் ஞாபகத்துக்கு வரும். 2022-ல் அந்தத் தொடரில் 'ரன்னிங் அப் தட் ஹில்' ஒலிக்கப் போய், 1985-ல் வந்த பாட்டு 37 வருடம் கழித்து பிரிட்டன் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. நானும் அந்த அலையில்தான் அவருடைய பழைய ஆல்பங்களை ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டே வந்து 2005-ல் வந்த 'ஏரியல்' என்ற இரட்டை ஆல்பத்தில் நின்றுவிட்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். பழைய ஆல்பத்துக்கு இப்போது எதற்கு விமர்சனம் என்று கேட்டால், அந்த ஒரு பாட்டோடு திரும்பிப் போனவர்கள் இதைத் தவறவிட்டுவிடக் கூடாது என்ற ஆதங்கம்தான்.

முதலில் முன்கதை. 1978-ல், 19 வயதில், 'வதரிங் ஹைட்ஸ்' பாட்டோடு வந்தவர் இவர். தானே எழுதிப் பாடிய பாட்டை பிரிட்டனில் முதலிடத்துக்குக் கொண்டுபோன முதல் பெண். 1979-ல் ஒரே ஒரு கச்சேரிப் பயணம் போனார், அதற்குப் பிறகு பல காலம் தனிக் கச்சேரி எதுவும் நடத்தவில்லை. எண்பதுகள் முழுக்க ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆல்பத்தையும் செதுக்கினார். 1992-ல் அம்மா இறந்தார். 1993-ல் 'த ரெட் ஷூஸ்' வந்தது. அப்புறம் பன்னிரண்டு வருடம் ஒரு ஆல்பமும் கிடையாது. நடுவில் 1998-ல் மகன் பிறந்தான், அந்தச் செய்திகூட 2000 வரை வெளியே தெரியாது. 2005 நவம்பரில் 'ஏரியல்' வந்தது. இரண்டு வட்டு, மொத்தம் 80 நிமிடம். முதல் வட்டுக்கு 'எ சீ ஆஃப் ஹனி', அதாவது தேன் கடல் என்று பெயர். இரண்டாவது 'எ ஸ்கை ஆஃப் ஹனி', தேன் வானம்.

ரொம்ப வருடம் கழித்துத் திரும்புகிற பாடகர்கள் ஒன்று தங்கள் பழைய வெற்றியையே மறுபடி செய்து பார்ப்பார்கள், இல்லையென்றால் அந்த வருடம் எது ஓடுகிறதோ அந்தச் சத்தத்தை ஒரு இளம் தயாரிப்பாளரை வைத்துப் போட்டுக்கொள்வார்கள். கேட் புஷ் இரண்டையும் செய்யவில்லை. தயாரிப்பும் அவரேதான். அந்தப் பன்னிரண்டு வருடமும் வீட்டுக்குள் என்னவெல்லாம் இருந்ததோ அதையே எடுத்துப் பாட்டாக்கிக் கொண்டுவந்திருக்கிறார்: துவைக்கிற துணி, வளர்கிற பையன், இறந்துபோன அம்மா, ஜன்னலுக்கு வெளியே கத்துகிற பறவை. ஆல்பம் முழுக்க வேறு எதுவும் இல்லை என்றே சொல்லலாம். நான் இதை இவ்வளவு தூக்கி வைப்பதற்குக் காரணமும் அதுதான்.

இதை நான் முதலில் உணர்ந்தது 'மிஸஸ் பார்டலோட்சி' பாட்டில். பியானோ, குரல், அவ்வளவுதான். மழை பெய்த ஒரு புதன்கிழமை யார் யாரோ சேற்றுக் காலோடு வீட்டுக்குள் நடந்துவிட்டுப் போகிறார்கள். ஒரு பெண் மணிக்கணக்கில் உட்கார்ந்து தரையைத் தேய்த்துத் துடைக்கிறாள். அழுக்குத் துணியையெல்லாம் கூடையில் அள்ளி வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு, துணிகள் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய ரவிக்கை அவனுடைய பேண்ட்டைச் சுற்றிக்கொள்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்தத் தண்ணீர் கடலாகிவிடுகிறது, அவள் அலையில் நிற்கிறாள், கால்களுக்கு நடுவே சின்ன மீன்கள் நீந்துகின்றன. அப்புறம் வெளியே அவன் நிற்பது மாதிரித் தெரிகிறது. கொடியில் காய்கிற அவன் சட்டைதான் அது, காற்றில் கையை அசைக்கிறது. அவன் எங்கே போனான், இறந்துவிட்டானா, சேற்றுக் காலோடு வந்தவர்கள் யார், எதையும் பாட்டு சொல்வதில்லை. எனக்கு அது துக்க வீடாகத்தான் கேட்கிறது. சாவு விழுந்த வீட்டில் எல்லோரும் போன பிறகு ஒருத்தி மட்டும் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருப்பாளே, அந்த நேரத்து அமைதி அந்தப் பியானோவில் இருக்கிறது. 'வாஷிங் மெஷின்' என்ற இரண்டு சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடி ஒருவரால் நெஞ்சைப் பிசைய முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

'பை' என்ற பாட்டும் அப்படித்தான். கணக்கில் வருகிற அந்தப் பைதான். எண்களை நேசிக்கிற ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லிவிட்டு, 3.14159 என்று ஆரம்பித்துத் தசம இலக்கங்களைப் பாடிக்கொண்டே போகிறார். நடுவே சில இலக்கங்களைத் தாண்டிவிடுகிறார் என்று எண்ணிப் பார்த்தவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள், எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. ஒவ்வொரு எண்ணையும் ஒவ்வொரு விதமாகத் தொடுகிறார். ஒரு பூஜ்யத்தை இழுத்து நீட்டி, அடுத்த எண்ணை ஏதோ ரகசியம் மாதிரி மெதுவாக விட்டு, குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிற மாதிரி பாடுகிறார். ஹெட்போனில் கேளுங்கள், மூச்சு எங்கே எடுக்கிறார் என்பது வரை தெரியும்.

'கிங் ஆஃப் த மவுண்டன்' தான் ஆல்பத்திலிருந்து தனிப்பாட்டாக வெளியானது, பிரிட்டனில் 4-வது இடம் வரை போனது. அமெரிக்க ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி சாகவில்லை, பனிமலை உச்சியில் எங்கேயோ இருக்கிறாரோ என்று கேட்கிற பாட்டு. புகழிலிருந்து விலகிப்போன ஒருவர், புகழால் நசுங்கிய இன்னொருவரைத் தேடுகிறார். இதைத் திரும்பி வரும் பாட்டாகத் தேர்ந்தெடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் எல்விஸ் மாதிரி வாயை மூடிக்கொண்டு குழைத்துப் பாடுவதால் பாதிச் சொற்கள் முதல் தடவை பிடிபடாது. 'ஹவ் டு பி இன்விசிபிள்' அதே விஷயத்தின் மறுபக்கம். கண்ணுக்குத் தெரியாமல் போக என்ன செய்ய வேண்டும் என்று மந்திரம் சொல்கிறது, சேர்மானங்கள் எல்லாம் வீட்டில் யாரும் திரும்பிப் பார்க்காத பொருட்கள். பன்னிரண்டு வருடம் ஏன் காணாமல் போனீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

'பெர்ட்டி' மகனுக்கான பாட்டு. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்து வாத்தியங்களோடு, அரசவையில் இளவரசனை வாழ்த்துவது மாதிரி அமைத்திருக்கிறார். வாத்திய அமைப்பு அழகு, ஆனால் கொஞ்சம் அதிகமாகவே தித்திக்கிறது. 'ஜோனி', பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க் பற்றியது, முதல் வட்டிலேயே பலவீனமான பாட்டு இதுதான். கீபோர்டு சத்தம் தொண்ணூறுகளிலேயே தங்கிவிட்டது, பாட்டும் கிளம்பிய இடத்திலிருந்து பெரிதாக எங்கேயும் போவதில்லை.

அதற்கு அடுத்தது 'எ கோரல் ரூம்'. மறுபடியும் பியானோ மட்டும். கடலுக்கு அடியில் மூழ்கிக் கிடக்கிற ஒரு நகரம், அதன் மேல் வலை, சிலந்தி. படகிலிருந்து கையைத் தண்ணீருக்குள் விட்டால் என்ன தட்டுப்படுகிறது என்று கேட்டுவிட்டு, சட்டென்று அம்மாவின் பழுப்பு நிறக் குடுவைக்கு வந்துவிடுகிறார். பால் வைத்திருந்த குடுவை, இப்போது உடைந்து கிடக்கிறது. எங்கள் வீட்டுச் சமையலறையில் அம்மாவின் பித்தளைப் படி ஒன்று இருக்கிறது. விளிம்பில் ஒரு இடம் நசுங்கியிருக்கும். அரிசி இப்போது பாக்கெட்டிலிருந்து நேராக குக்கருக்குப் போகிறது, ஆனாலும் அந்தப் படியை யாரும் பரணில் தூக்கிப் போடவில்லை. இந்தப் பாட்டை முதல் தடவை கேட்ட அன்றைக்கு எழுந்துபோய் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வேறென்ன சொல்வது.

சரி, இரண்டாவது வட்டு. இது ஒன்பது பாட்டுகள் இல்லை, 42 நிமிட ஒரே பாட்டு. ஒரு மதியத்தில் தொடங்கி, சாயங்காலம், இரவு, மறுநாள் விடிகாலை என்று ஒரு முழு நாள் ஓடுகிறது. ஆரம்பத்தில் புறாவின் குமுறல், பியானோ அந்தத் தாளத்தை அப்படியே பிடித்துக்கொள்கிறது, பறவைகள் ஏதோ சொல்வது மாதிரி இருக்கிறதே என்று ஒரு சின்னப் பையன் குரல். அது அவர் மகன்தான். ஓர் ஓவியர் வரைகிறார், மழை வந்து வண்ணங்களைக் கரைத்துவிடுகிறது, ஐயோ போச்சே என்று பார்த்தால் கரைந்த வண்ணங்களே அஸ்தமனமாகிவிடுகின்றன. 'சன்செட்' மெல்லிய ஜாஸாகத் தொடங்கி, கடைசி ஒரு நிமிடத்தில் ஸ்பானிய ஃபிளமெங்கோவாக வேகம் பிடித்து ஓடுகிறது. 'நாக்டர்ன்' இரவுக் கடலில் இறங்கி நீந்துகிற பாட்டு. பேஸ் கிடார் அலை மாதிரி ஒரே சீராக வந்துகொண்டேயிருக்கிறது, எட்டு நிமிடத்துக்கு மேல், ஒரு நொடிகூட நீளமாகத் தோன்றவில்லை. ஆர்க்கெஸ்ட்ரா பகுதிகளை அமைத்தவர் மைக்கேல் கேமன். ஆல்பம் வெளிவருவதற்கு இரண்டு வருடம் முன்பே அவர் இறந்துவிட்டார். 'ப்ரோலாக்' பாட்டில் வயலின்கள் மெதுவாக ஏறி வருகிற இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் அவர் நினைப்பு வரும்.

இவ்வளவுக்கும் மையம் ஒரு பறவை, ஆங்கிலேயர்கள் பிளாக்பேர்ட் என்று சொல்கிற கரிய பாட்டுப்பறவை. (அதன் நெருங்கிய சொந்தக்காரப் பறவை ஒன்று நம் நீலகிரிச் சோலைகளிலும் உண்டு, விடிகாலையில் கேட்டவர்களுக்கு அந்தக் குரல் தெரியும்.) ஆல்பத்தின் அட்டையைப் பார்த்தால் அந்தி வெளிச்சத்தில் கடல் நடுவே பாறைமலைகள் வரிசையாக நிற்பது போலிருக்கும். உற்றுப் பார்த்தால் மலை இல்லை, அந்தப் பறவையின் குரலைப் பதிவு செய்தபோது கிடைத்த ஒலி அலையின் வடிவம். 'ஏரியல் தால்' என்ற ஒரு நிமிடத் துண்டில் பறவை பாட, அதன் ஒவ்வொரு கீச்சையும் இவர் தன் வாயால் திருப்பிச் சொல்கிறார். நம் ஊர்க் கச்சேரியில் கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த காதுக்கு அதை ரசிக்கத் தனிப் பயிற்சி தேவையில்லை.

வாங்குபவர்கள், கேட்பவர்கள் கவனிக்க ஒரு விஷயம். 2005 பதிப்பில் ஓவியராகப் பேசியவர் ஆஸ்திரேலியக் கேளிக்கையாளர் ஒருவர், 2014-ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. 2018-ல் வந்த மறுபதிப்பில் அவர் குரலை எடுத்துவிட்டு மகன் பெர்ட்டியின் குரலை வைத்திருக்கிறார் கேட் புஷ். 2014-ல் லண்டனில் நடத்திய 22 கச்சேரிகளிலும் ஓவியராக நடித்தது பெர்ட்டிதான், 1979-க்குப் பிறகு கேட் புஷ் முதன்முதலாக நடத்திய அந்தத் தனிக் கச்சேரிகளில் இந்த வட்டு முழுவதையும் பாடினார். அதனால் 2018 பதிப்பையே வாங்குங்கள். அப்புறம், இரண்டாவது வட்டை ஷஃபிளில் போடாதீர்கள், நடுவில் விளம்பரம் வருகிற இலவசக் கணக்கிலும் கேட்காதீர்கள். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விடுகிற அமைப்பு இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

நான் கடைசியாகக் கேட்டது போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதிகாலை ஐந்தேகால் மணிக்கு மொட்டை மாடியில் சின்ன ஸ்பீக்கரை வைத்து இரண்டாவது வட்டை ஆரம்பித்தேன், இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. 'நாக்டர்ன்' போய்க்கொண்டிருக்கும்போது கிழக்கே லேசாக வெளுத்தது. கடைசிப் பாட்டு 'ஏரியல்', திடுதிடுவென்று நாலடித் தாளம், விடிந்துவிட்டது, கூரை மேல் ஏற வேண்டும் என்கிறார், பறவை கத்துகிறது, இவர் சிரிக்கிறார், பறவை மறுபடி கத்த இவர் இன்னும் பெரிதாகச் சிரிக்கிறார், எது பறவை எது மனுஷி என்று பிரிக்க முடியாத அளவுக்குப் போகிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து வெயில் வந்தபோது பக்கத்துத் தெரு வேப்பமரத்தில் குயில் ஒன்று ஆரம்பித்தது. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன், இரண்டும் கேட்கட்டும் என்று.