ஃப்ரீஸ்பேஸ் ஓப்பனில் நெல்லைத் தமிழ்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

விண்வெளிச் சண்டை விளையாட்டு ஒன்று செய்ய வேண்டும் என்று வருகிற பையன்கள் எங்களிடம் முதலில் கேட்பது, "எந்த எஞ்சின் நல்லா இருக்கும்ணே?" என்பதுதான். கிராபிக்ஸ் எப்படி, வேகம் எப்படி, இருக்கிற லேப்டாப் தாங்குமா என்றெல்லாம் விசாரிப்பார்கள். லைசென்ஸ் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை. பாளையங்கோட்டையில் நாங்கள் சில நண்பர்கள் கல்லூரிக் காலத்தில் இருந்தே ஃப்ரீஸ்பேஸ் ஓப்பன் எஞ்சினை, அதாவது விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருளை, பயன்படுத்தி வருகிறோம். அதில் தமிழ் பேசும் ஒரு மாட் (இருக்கும் விளையாட்டின் மேல் ரசிகர்கள் கட்டும் புது விளையாட்டு) செய்து முடித்தாயிற்று. அடுத்த கதையைக் கோடோ எஞ்சினில் ஆரம்பித்திருக்கிறோம். இத்தனை வருடத்தில் எங்கள் வேலை நின்ற இடங்களும் ஓடிய இடங்களும் பெரும்பாலும் லைசென்ஸை ஒட்டியே இருந்தன. அதனால் இங்கே அதற்குத்தான் அதிக இடம்.

எங்கள் ஊர்ப் பக்கம் விண்வெளிக் கதை மேல் ஆசை வருவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. பணகுடிக்குப் பக்கத்தில் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை மையம் இருக்கிறது. விகாஸ் எஞ்சினும் கிரையோஜெனிக் எஞ்சினும் அங்கேதான் எரித்துப் பார்க்கப்படுகின்றன. எங்கள் குழுவில் பாதிப் பேர் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்.

சரி, விளையாட்டு எஞ்சினுக்கு வருவோம். ஃப்ரீஸ்பேஸ் 2 என்ற விளையாட்டை அமெரிக்காவின் வொலிஷன் நிறுவனம் உருவாக்கியது, 1999இல் இன்டர்ப்ளே நிறுவனம் வெளியிட்டது. 2002 ஏப்ரலில் வொலிஷன் அதன் மூல நிரலைப் பொதுவில் கொடுத்தது. அன்றில் இருந்து ரசிகர்கள்தான் அதை ஃப்ரீஸ்பேஸ் ஓப்பன் என்ற பெயரில் பராமரிக்கிறார்கள். புதிய ஒளியமைப்பு, லூவா நிரல் மொழியில் ஸ்கிரிப்ட் எழுதும் வசதி, லினக்ஸ் பதிப்பு எல்லாம் அவர்கள் சேர்த்தவை. இதற்கிடையில் ஃப்ரீஸ்பேஸின் உரிமை 2013இல், வொலிஷனை வாங்கியிருந்த டிஎச்க்யூ நிறுவனம் திவாலானபோது ஏலத்துக்கு வந்து, வெறும் 7,500 டாலருக்கு இன்டர்ப்ளேயிடமே போனது. வொலிஷன் 2023 ஆகஸ்ட் கடைசியில் இழுத்து மூடப்பட்டது. எஞ்சின் மட்டும் இன்றைக்கும் புதுப் பதிப்புகளோடு ஓடிக்கொண்டிருக்கிறது. 2002இல் கொடுத்த ஒரு அனுமதி இத்தனையையும் தாண்டி நிற்பதைப் பார்க்கும்போது அந்த முடிவை எடுத்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அந்த அனுமதி நீளமானதும் இல்லை. இந்த நிரலையோ, இதை வைத்து நீங்கள் செய்ததையோ விற்கக் கூடாது, வேறு வழியில் வணிகமாக்கவும் கூடாது. சாரம் இவ்வளவுதான். டூம், குவேக் எஞ்சின்களுக்குப் பின்னாளில் கிடைத்த ஜிபிஎல் உரிமம் இதற்குக் கிடையாது. ஜிபிஎல் என்றால் மூல நிரலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு விலைக்கும் விற்கலாம். இங்கே விலை என்ற பேச்சே கூடாது.

நடைமுறையில் இது எங்கே இடிக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு கல்லூரி விழாவில் எங்கள் மாட்டை வைக்கக் கேட்டார்கள். சந்தோஷமாகச் சரி என்றோம். பிறகு பார்த்தால் ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று டோக்கன் அடித்து வைத்திருந்தார்கள். பணம் எங்களுக்கு வரப்போவதில்லை, விழாச் செலவுக்குத்தான் என்றாலும் அது காசு வாங்கி ஆட விடுவதுதானே. டோக்கனை எடுத்தால்தான் கம்ப்யூட்டரை ஆன் செய்வோம் என்று நின்றோம். பொறுப்பாளருக்குக் கோபம். "இதெல்லாம் அமெரிக்காவுல இருந்து வந்து பாக்கப் போறானா தம்பி?" என்றார். யாரும் வந்து பார்க்கப் போவதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் அடுத்தவர் இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் மீறுவது நியாயமாகப் படவில்லை. கடைசியில் டோக்கன் இல்லாமல்தான் நடந்தது. பிள்ளைகள் சாயங்காலம் வரை வரிசையில் நின்று ஆடினார்கள்.

எஞ்சின் அனுமதி ஒரு பத்திரம் என்றால் கதை அனுமதி வேறொரு பத்திரம். ரசிகர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். ஃப்ரீஸ்பேஸ் ஓப்பனில் பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்ற தொலைக்காட்சித் தொடரின் உலகத்தை வைத்து டயாஸ்போரா என்ற முழு விளையாட்டை ரசிகர்கள் செய்து 2012இல் இலவசமாக வெளியிட்டார்கள். பாபிலோன் 5 தொடரின் உலகத்துக்கும் ஒரு மாட் உண்டு. இரண்டையும் ஆடியிருக்கிறேன், அவற்றின் உழைப்பைப் பார்த்துத்தான் எங்களுக்கே தைரியம் வந்தது. இன்னொரு பக்கம் ஸ்டேஜ் 9 கதையையும் பாருங்கள். ஸ்டார் ட்ரெக்கின் எண்டர்பிரைஸ் கப்பலை உள்ளே நடந்து பார்க்கும்படி அன்ரியல் எஞ்சினில் ரசிகர்கள் அவ்வளவு அழகாகக் கட்டினார்கள். இலவசமாகத்தான் கொடுத்தார்கள். 2018இல் உரிமையாளரான சிபிஎஸ் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது, மூடிவிட்டார்கள். எஞ்சின் லைசென்ஸில் ஒரு குறையும் இல்லை. கப்பல் இன்னொருவருடையது, அவ்வளவுதான்.

அதனால் எங்கள் மாட்டின் கதை முழுக்க எங்களுடையது. பனிக்கோள் ஒன்றில் இருந்து தண்ணீர் ஏற்றி வரும் சரக்குக் கப்பல்களைக் காவல் காப்பதுதான் விளையாடுபவரின் வேலை. தாய்க்கப்பல் பெயர் பொருநை. சரக்குக் கப்பல்களுக்குக் காரையாறு, மணிமுத்தாறு, சேர்வலாறு என்று பெயர். ஆற்றுத் தண்ணீர் யாருக்கு என்ற பேச்சு எங்கள் ஊரில் டீக்கடை வரைக்கும் உண்டு. கதைக்கு அதைவிட நல்ல விதை எங்களுக்குத் தெரியவில்லை.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயம்: எழுத்து. ஃப்ரீஸ்பேஸ் ஓப்பனின் புதிய பதிப்புகளில் யூனிகோடு எழுத்தை வைக்க முடியும். ஆனால் எழுத்துகளைச் சேர்த்து உருவம் கொடுக்கும் வேலையை அது செய்யாது. வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வரையும். "பொருநை" என்று கொடுத்துப் பாருங்கள். பொ-வின் கொம்பு தன் இடத்தில் நிற்காது. ரு ஒட்டாமல் ர தனியாகவும் உகரக் குறி தனியாகவும் கிடக்கும். நை-யின் ஐகாரக் குறி முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். மூன்று எழுத்தும் உடைந்துபோகும் ஒரு பெயரைத் தாய்க்கப்பலுக்கு வைத்திருக்கிறோம்!

இதற்கு வழி சொன்னவர் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி சென்டர் அண்ணாச்சி. அவர் இன்னமும் பாமினியில்தான் டைப் செய்கிறார். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் கொம்பை முதலில் அடித்து அப்புறம் எழுத்தை அடிக்க வேண்டும். ரு, மு போன்றவற்றுக்குத் தனி விசையே உண்டு. அதாவது கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே எழுத்துகள் சேமிக்கப்படுகின்றன. வரிசையாக வரைவதைத் தவிர வேறெதுவும் தெரியாத எஞ்சினுக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. பொருநை திரையில் முழுசாக வந்தது.

மணிமுத்தாறு மட்டும் "மணிமுத" என்று பாதியில் நின்றது. பாமினியில் புள்ளி என்பது ஆங்கில விசைப்பலகையின் அரைப்புள்ளி. ஃப்ரீஸ்பேஸில் கப்பல் பெயர் முதலான விவரங்களை எழுதி வைக்கும் டேபிள் கோப்புகளில் அரைப்புள்ளி வந்தால் அதற்குப் பின்னால் உள்ளது எல்லாம் குறிப்புரை என்று எஞ்சின் விட்டுவிடும். த் என்ற எழுத்தின் புள்ளியில் கப்பல் பெயர் அறுந்துவிட்டது. மிஷன்களை உருவாக்கும் ஃப்ரெட் எடிட்டர் அரைப்புள்ளியை வேறு குறியாக மாற்றித்தான் சேமிக்கும் என்பதால் உரையாடல்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. டேபிள் கோப்புகளுக்கு மட்டும், எங்கள் எழுத்துருவில் புள்ளியை வேறு விசைக்கு மாற்றி வைத்தோம்.

"எங்கள் எழுத்துரு" என்று சொன்னேன் இல்லையா, அதற்கும் காரணம் லைசென்ஸ்தான். டிடிபி சென்டர்களில் பென் டிரைவ் வழியாகச் சுற்றும் பழைய எழுத்துருக்களில் பலவற்றுக்கு உரிமைத் தாள் எதுவும் கூட வராது. கடையில் உட்கார்ந்து டைப் செய்வது வேறு, அந்தக் கோப்பையே மாட்டுக்குள் வைத்து ஊருக்கெல்லாம் கொடுப்பது வேறு. கூகுளின் நோட்டோ தமிழ் எழுத்துரு ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸில் வருகிறது. மாற்றலாம், பகிரலாம், மென்பொருளோடு சேர்த்தும் கொடுக்கலாம். எழுத்துருவைத் தனியாக மட்டும் விற்கக் கூடாது, மாற்றியதையும் அதே லைசென்ஸில்தான் கொடுக்க வேண்டும். ஃபாண்ட்ஃபோர்ஜ் மென்பொருளில் நோட்டோவின் எழுத்துகளை எடுத்துப் பாமினி விசைகளின் இடத்தில் ஒவ்வொன்றாக உட்கார வைத்தோம். சலிப்பான வேலை. ஆனால் இன்றைக்கு அது எங்கள் மாட்டைவிட அதிகம் பேருக்குப் பயன்படக்கூடிய பொருள் என்று நினைக்கிறேன். தமிழை உடைக்கும் பழைய எஞ்சின் எதிலும் இதே வழி செல்லும்.

குரல் பதிவு வண்ணார்பேட்டையில் ஒரு நண்பரின் ஸ்டூடியோவில் நடந்தது. விமானிகள் பேசுவது முழுக்க நெல்லைத் தமிழ். "எல, பொறத்தால ரெண்டு வாரான், திரும்புல!" என்று ரேடியோவில் கேட்கும்போது கை தானாகவே ஜாய்ஸ்டிக்கைத் திருப்பிவிடுகிறது. நிலையக் கட்டுப்பாட்டு அதிகாரியாகப் பேசியவர் குழுவில் ஒருவனின் ஆச்சி. குரல் கொடுத்த எல்லாரிடமும் தமிழில் ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கினோம். குரலை இந்த மாட்டில் இலவசமாகப் பயன்படுத்தலாம், வேறு எதற்கும் கேட்காமல் எடுக்கக் கூடாது என்பதுதான் அதில் இருந்தது. ஆச்சி அதைக் கண்ணாடி போட்டு முழுசாக வாசித்துவிட்டு, "விக்க மாட்டியளே?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். எனக்குத் தெரிந்து லைசென்ஸைக் கடைசி வரி வரை படித்த ஒரே ஆள் அவர்கள்தான்.

பயன்பாட்டைப் பொறுத்தவரை ஃப்ரெட் எடிட்டர் பழசாகத் தெரிந்தாலும் நல்ல கருவி. கப்பல் அழிந்தால் இது நடக்கட்டும், பத்து விநாடி கழிந்தால் அது நடக்கட்டும் என்று நிபந்தனைகளை மரம் மாதிரி அடுக்கிக்கொண்டே போகலாம். நிரல் தெரியாத தமிழ் இலக்கிய மாணவி ஒருத்திதான் எங்களுடைய சிறந்த மிஷனை எழுதினாள். கப்பலின் முப்பரிமாண மாடலை பிளெண்டர் மென்பொருளில் செய்து, பிசிஎஸ்2 என்ற கருவி வழியாக எஞ்சினுக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அந்தக் கருவி காரணம் சொல்லாமல் மூடிக்கொள்ளும், அடிக்கடி சேமித்துக்கொள்ளுங்கள். கப்பலின் மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சரின் பெயரோடு "க்ளோ" என்று சேர்த்த இன்னொரு படத்தை வைத்தால் கப்பலின் ஜன்னல்களில் விளக்கு எரியும். புதியவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான், உடனே ஒட்டிக்கொள்கிறார்கள். சாதாரண இன்டெல் கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பிலும் எஞ்சின் ஓடும். ரசிகர்கள் செய்த உயர்தரப் படத் தொகுப்பைப் போட்டால்தான் திணறும், அதுவும் அக்னி நட்சத்திரத்தில் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் ஏன் கோடோவுக்குப் போகிறீர்கள் என்று கேட்கலாம். அடுத்ததைச் சின்ன விலைக்கு விற்க வேண்டும், குரல் கொடுப்பவர்களுக்கும் படம் வரைபவர்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று விரும்புகிறோம். ஃப்ரீஸ்பேஸ் ஓப்பனில் அதற்கு வழியில்லை. யூனிட்டி எஞ்சினைப் பற்றியும் யோசித்தோம். 2023 செப்டம்பரில் அந்த நிறுவனம், ஒரு அளவுக்கு மேல் போனால் விளையாட்டு நிறுவப்படும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் என்று அறிவித்தது. உலகம் முழுக்க எதிர்ப்புக் கிளம்பி, ஒரு வருடம் கழித்து 2024 செப்டம்பரில் அதை முழுவதும் கைவிட்டார்கள். கைவிட்டது நல்லதுதான். ஆனால் நெல் கதிர் வாங்கும் நேரத்தில் குத்தகையை மாற்றிப் பேசிய நிலக்காரரிடம் அடுத்த பூவுக்கும் போய் நிற்க எங்களுக்கு மனம் வரவில்லை. அன்ரியலில் பத்து லட்சம் டாலர் வருமானம் வரும் வரை ராயல்டி கிடையாது, அது எங்களுக்கு எட்டாத உயரம்தான். ஆனால் எங்கள் லேப்டாப்களுக்கு அந்த எஞ்சின் பாரம்.

கோடோ எம்ஐடி லைசென்ஸில் வருகிறது. விற்கலாம், மாற்றலாம், யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை. லைசென்ஸ் வாசகத்தை விளையாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் போதும், அதை எடுத்துக் காட்டும் வசதியும் எஞ்சினிலேயே இருக்கிறது. அதைவிட முக்கியம், 2023இல் வந்த கோடோ 4இல் இருந்து எழுத்துகளைச் சேர்த்து உருவம் கொடுக்கும் வேலையை எஞ்சினே செய்கிறது. பழைய 3ஆம் பதிப்பில் இது கிடையாது. இப்போது யூனிகோடில் பொருநை என்று அடித்தால் பொருநை என்றே வருகிறது.

ஃப்ரீஸ்பேஸ் ஓப்பனில் ஆயத்தமாகக் கிடைத்த எதிரிக் கப்பல்களின் மூளை, ஏவுகணை, ரேடார், மிஷன் எடிட்டர் எதுவும் கோடோவில் கிடையாது, எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டும். அந்த நிரலைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது, அதன் நிபந்தனை கூடவே வந்துவிடும். அதனால் ரேடாரை எழுதும் பையனைப் பழைய மூல நிரலைத் திறக்கவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். நாங்கள் வரைந்த கப்பல்கள் எங்களுடையவை, அவை தடையின்றி இங்கே வருகின்றன. குரல்கள் வராது. தாளில் இலவசம் என்று எழுதியிருக்கிறதே. ஆச்சியிடம் புதுத் தாளும் சம்பளமுமாக இந்த மாதம் போகிறோம்.