சோட்டோ போன குளிர்காலம்: யாங்கீஸ், ரெட் சாக்ஸ் வாங்கிய ஆட்கள் தேறினார்களா?

2024 டிசம்பரில் அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹுவான் சோட்டோ 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் என்று மெட்ஸ் அணிக்குக் கையெழுத்துப் போட்டார். முந்தைய சீசனில் நியூயார்க் யாங்கீஸுக்காக 41 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிடும் அடி) அடித்தவர். அவருக்கு ஈடாக இன்னொருவர் சந்தையிலேயே இல்லை. அதனால் யாங்கீஸ் அவருக்கென்று வைத்திருந்த பணத்தை நாலைந்து இடத்தில் பிரித்துப் போட்டது. பரம எதிரியான பாஸ்டன் ரெட் சாக்ஸ் அதே குளிர்காலத்தில் நேர்மாறாக, உச்சத்தில் இருக்கும் ஓரிருவரைக் குறிவைத்தது. 2025 சீசன் முழுவதும் முடிந்த பிறகு பார்த்தால் தனி ஒரு ஆளாகச் சிறந்த கொள்முதல் பாஸ்டனுடையது. ஆனால் 94 வெற்றியோடு முன்னால் நின்றது நியூயார்க், பாஸ்டனுக்கு 89.

அந்தச் சிறந்த கொள்முதல் கேரட் க்ரோஷே. சிகாகோ ஒயிட் சாக்ஸிடமிருந்து இந்த இடதுகைப் பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, வாங்க கைல் டீல், ப்ரேடன் மான்ட்கோமரி, சேஸ் மைட்ராத், விக்கல்மன் கொன்சாலஸ் என்று நாலு இளைஞர்களைக் கொடுத்தார்கள். சின்ன விலை இல்லை. டீலும் மைட்ராத்தும் 2025-லேயே சிகாகோவின் மேல்மட்ட அணியில் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். வாங்கும்போது இருந்த பயம் க்ரோஷேயின் கை தாங்குமா என்பதுதான். 2022-ல் முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். 2024-ல்தான் முதல்முறையாகத் தொடக்கப் பிட்சராக ஆடி 146 இன்னிங்ஸ் வீசினார். 2025-ல் பாஸ்டனில் 205.1 இன்னிங்ஸ் (.1 என்றால் மூன்றில் ஒரு பங்கு), 255 ஸ்ட்ரைக் அவுட் (பந்தாலேயே வீழ்த்தியவை), 18 வெற்றி 5 தோல்வி. ஈ.ஆர்.ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் விழும் ரன், 2.59; குறைவாக இருந்தால் நல்லது. சீசன் தொடங்கிய கையோடு 6 ஆண்டுக்கு 17 கோடி டாலர் என்று நீட்டிப்பும் போட்டுவிட்டார்கள். கொடுத்த நாலு பேரும் நன்றாக வந்தாலும் இந்த வியாபாரத்தில் பாஸ்டனுக்கு நஷ்டம் இல்லை என்பேன்.

யாங்கீஸின் பதில் மேக்ஸ் ஃப்ரீட். இவரும் இடதுகைதான். யாரையும் கொடுத்து வாங்கவில்லை, முழுக்கப் பணம்: 8 ஆண்டு, 21.8 கோடி டாலர். இன்னொரு இடதுகைப் பிட்சரான டேவிட் ப்ரைஸுக்கு இதே ரெட் சாக்ஸ் ஒரு காலத்தில் கொடுத்த 21.7 கோடியைவிட ஒரு படி மேல். 2025 மார்ச்சில் யாங்கீஸின் முதன்மைப் பிட்சர் கெரிட் கோல் முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போய் அந்த சீசனே இல்லை என்றானபோது ஃப்ரீட்தான் அணியின் முதல் பிட்சர். 195.1 இன்னிங்ஸ், 19 வெற்றி, ஈ.ஆர்.ஏ 2.86. அவரை வாங்காமல் விட்டிருந்தால் யாங்கீஸ் அக்டோபரை, அதாவது பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுகளை, பார்த்திருக்காது. கவலை பின்னால் இருக்கிறது: ஒப்பந்தம் முடியும் 2032-ல் அவருக்கு வயது 38.

அடுத்து கோடி பெல்லிஞ்சர். சம்பளச் சுமையைக் குறைக்கப் பார்த்த சிகாகோ கப்ஸ், பிட்சர் கோடி போட்டீட் ஒருவரை மட்டும் வாங்கிக்கொண்டு, கூடவே 50 லட்சம் டாலரும் தந்து அனுப்பியது. 29 ஹோம் ரன், 98 ஆர்.பி.ஐ (அவர் மட்டையால் அணிக்கு வந்த ரன்). அவுட்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வெளிப்பகுதியில், மூன்று இடத்திலும் நிற்பார், தேவைப்பட்டால் முதல் பேஸுக்கும் (ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய இடங்களில் முதலாவது) வருவார். இரண்டு அணியின் பட்டியலிலும் விலைக்கு மேல் வேலை தந்தவர் என்று இவரைத்தான் சொல்ல வேண்டும். 1.25 கோடி டாலருக்கு ஓராண்டு வந்த பால் கோல்ட்ஷ்மிட்டும் பழுதில்லை: 10 ஹோம் ரன்தான், ஆனால் மட்டைச் சராசரி .274.

சறுக்கியது டெவின் வில்லியம்ஸ் வியாபாரம். மில்வாக்கி அணியின் குளோசரை (கடைசியில் வந்து ஆட்டத்தை முடிக்கும் பிட்சரை) வாங்க நெஸ்டர் கோர்ட்டெஸையும் கேலப் டர்பினையும் கொடுத்தார்கள். வில்லியம்ஸின் சேஞ்ச்-அப், அதாவது வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து, நாடறிந்த ஆயுதம். நியூயார்க்கிலும் 62 இன்னிங்ஸில் 90 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். ஆனால் அடி விழும் நாளில் மொத்தமாக விழுந்தது. ஏப்ரல் முடிவதற்குள் குளோசர் இடம் பறிபோனது, சீசன் முடிவில் ஈ.ஆர்.ஏ 4.79. ஒரு சீசனுக்கு அறுபது எழுபது இன்னிங்ஸ் மட்டுமே வீசும் ரிலீவரிடம் (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வரும் பிட்சர்) இந்த ஆபத்து எப்போதும் உண்டு. நாலு மோசமான இரவு போதும், மொத்தக் கணக்கும் கெட்டுவிடும். ஜூலையில் இன்னொரு குளோசரான டேவிட் பெட்னாரை வேறு வாங்க வேண்டியிருந்தது. அதைவிட வலிப்பது டர்பின். யாங்கீஸின் மூன்றாவது பேஸ் ஓட்டையாகக் கிடந்து, ரையன் மெக்மேனை வாங்கி அடைத்தார்கள். மில்வாக்கியின் மூன்றாவது பேஸில் அதே ஆண்டு நிலையாக ஆடியவர் டர்பின்.

அரோல்டிஸ் சாப்மனை பாஸ்டன் எடுத்தது ஒரு கோடியே ஏழரை லட்சம் டாலருக்கு, அதுவும் ஓராண்டுக்கு மட்டும். யாங்கீஸின் பழைய குளோசர், 37 வயது. 32 சேவ் (முன்னிலையைக் கடைசிவரை காத்த ஆட்டம்), ஈ.ஆர்.ஏ 1.17. குளோசர் விஷயத்தில் பாஸ்டன் தெளிவாக ஜெயித்தது. பிட்சர் வாக்கர் ப்யூலருக்குப் போட்ட 2 கோடி சொச்சம் வீண்: ஈ.ஆர்.ஏ 5.45, ஆகஸ்டில் வெளியே அனுப்பினார்கள்.

இந்த வாங்கல்கள் நேருக்கு நேர் மோதிய நாள் 2025 செப்டம்பர் 30, வைல்ட் கார்டு தொடரின் (பிளேஆஃபின் முதல் சுற்று) முதல் ஆட்டம். ஃப்ரீட் 6.1 இன்னிங்ஸ் ரன்னே கொடுக்கவில்லை. க்ரோஷே இரண்டாவது இன்னிங்ஸில் யாங்கீஸின் வோல்பியிடம் ஒரு ஹோம் ரன் வாங்கினார். அதற்குப் பிறகு வரிசையாக 17 பேரை வீழ்த்தினார். மொத்தம் 117 பந்து, கடைசிப் பந்து மணிக்கு 100 மைல். ஃப்ரீட் 1-0 என்ற நிலையில் இறங்கியதும் அடுத்து வந்த லூக் வீவர் ஒரு வாக் (மட்டைக்காரருக்கு இலவசமாக முதல் பேஸ்), ஒரு டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகும் அடி) கொடுத்தார். பாஸ்டனின் யோஷிடா முதல் பந்திலேயே இரண்டு ரன் அடித்தார். பாஸ்டன் இன்னொரு ரன்னும் எடுத்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் யாங்கீஸின் கோல்ட்ஷ்மிட், ஜட்ஜ், பெல்லிஞ்சர் மூவரும் அடித்து மூன்று பேஸும் நிறைந்தன, அவுட் ஒன்றுகூட இல்லை. சாப்மன் அங்கிருந்து மூன்று பேரை எடுத்து பாஸ்டனுக்கு 3-1 என்று முடித்துக்கொடுத்தார்.

தொடரை ஜெயித்தது என்னவோ யாங்கீஸ்தான். மூன்றாவது ஆட்டத்தில் 8 இன்னிங்ஸ், 12 ஸ்ட்ரைக் அவுட், ரன் இல்லாமல் வீசிய கேம் ஷ்லிட்லரைச் சந்தையில் வாங்கவில்லை. அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2022-ல் ஏழாவது சுற்றில் எடுத்து வளர்த்த பையன். சீசனில் இரு அணிகளும் மோதிய 13 ஆட்டத்தில் 9 பாஸ்டனுக்குப் போயிருந்தது, அதையும் மறக்கக் கூடாது.

அப்படியிருந்தும் பாஸ்டன் பின்தங்கியதற்கு அலெக்ஸ் ப்ரெக்மன் வந்த விதம் ஒரு பெரிய காரணம். ஆட்டத்தில் குறையில்லை: தொடைக் காயத்தால் 114 ஆட்டம்தான் என்றாலும் .273, 18 ஹோம் ரன். குறை இடத்தில். மூன்று ஆண்டுக்கு 12 கோடி, விரும்பினால் ஓராண்டிலேயே விலகலாம் என்று வந்தவர் நின்றது மூன்றாவது பேஸில். அங்கே ஏற்கெனவே ரஃபேல் டெவர்ஸ் இருந்தார். அவரை மட்டை மட்டும் பிடிக்கும் டி.எச். இடத்துக்குத் தள்ளினார்கள். மே மாதம் முதல் பேஸில் நின்ற ட்ரிஸ்டன் காசாஸுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. டெவர்ஸை அங்கே போகச் சொன்னார்கள், அவர் மறுத்தார். ஜூன் 15 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸுக்கு அவரை அனுப்பினார்கள். முதல் பேஸ் ஓட்டை அப்படியே இருந்தது. சீசன் முடிந்ததும் ப்ரெக்மன் விலகும் உரிமையைப் பயன்படுத்திக் கிளம்பினார். ஒரே ஆண்டுக்குள் பாஸ்டனின் மூன்றாவது பேஸில் இருந்தவரும் இல்லை, வந்தவரும் இல்லை.