பழுதாகும் வன்தட்டை எந்தப் பதிவில் தேடுவது? டர்பன் மின்தடைகளை முன்வைத்து ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பகுதிகளில் ஒரு கோயில் அலுவலகத்திலோ தமிழ் வகுப்பு நடத்தும் சங்கத்திலோ இருக்கும் கணினியில் வரவுசெலவுக் கணக்கு மட்டும் இருப்பதில்லை. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியல்களில் தேடியெடுத்த பாட்டன் பூட்டன் பெயர்கள், காவடி ஊர்வலப் படங்கள், மறைந்த பெரியவர்கள் பாடிய திருப்புகழின் ஒலிப்பதிவுகள் எல்லாம் அதே வன்தட்டில்தான் இருக்கின்றன. பல இடங்களில் அவற்றுக்கு வேறு நகல் கிடையாது. அந்தத் தட்டு ஒரு நாள் தடுமாறத் தொடங்கும்போது, கோளாறு தட்டிலா, கேபிளிலா, மின்சாரத்திலா என்று சொல்லக்கூடிய பதிவுகள் நான்கு உள்ளன: விண்டோஸின் நிகழ்வுப் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவர், லினக்ஸின் மையக்கருவான கர்னல் எழுதும் பதிவு, தட்டு தனக்குள்ளேயே எழுதிவைக்கும் ஸ்மார்ட் எண்கள், தட்டு தன்னைத்தானே படித்துப் பார்க்கும் நெடுஞ்சோதனையின் முடிவு.

என் தெரிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தேகம் எழுந்தவுடன் திறக்க வேண்டியது கர்னல் பதிவு. தீர்ப்பு சொல்ல வேண்டியது நெடுஞ்சோதனை. ஸ்மார்ட் எண்கள் இரண்டுக்கும் நடுவே பாலமாக நிற்பவை. ஈவென்ட் வியூவர் கையில் வேறொன்றும் இல்லாதபோது உதவும். பலரும் முதலில் பார்த்து நிம்மதி அடைகிற, ‘ஸ்மார்ட் நிலை: பாஸ்டு’ (தேறியது) என்ற ஒற்றை வரியை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இந்த வரிசை வேறு நாட்டில் சற்று மாறலாம். தென்னாப்பிரிக்காவில் 2007இன் இறுதியில் தொடங்கி, 2023இல் உச்சத்தைத் தொட்ட லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) வன்தட்டுகளின் பதிவுகளிலும் தடம் விட்டிருக்கிறது. வெட்டின் அளவு நிலைகளாக அறிவிக்கப்படும்; ஆறாம் நிலை என்றால் ஏறத்தாழ 6000 மெகாவாட் குறைக்கப்படும். ஒரே நாளில் பலமுறை மின்சாரம் போய்வரும். தேசிய மின்வெட்டு ஓய்ந்திருக்கும் மாதங்களிலும் கேபிள் திருட்டாலும் துணைமின்நிலையக் கோளாறாலும் தெருவோடு விளக்கணைவது நின்றபாடில்லை. மின்சாரம் போன கணத்தில் தட்டு சுழற்சியில் எஞ்சிய ஆற்றலைக் கொண்டே தன் படிக்கும் தலைகளை அவசரமாக ஒதுக்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் ஒரு செக்டரில் (தட்டு எழுதும் மிகச் சிறிய பகுதி) எழுதுதல் பாதியில் நின்றுவிட்டால், அதன் பிழைதிருத்தக் குறியீடு உள்ளடக்கத்தோடு பொருந்தாமல் போகும். அடுத்தமுறை படிக்கும்போது தட்டு அதைப் படிக்க முடியாத செக்டர் என்றே அறிவிக்கும். தட்டின் மேற்பரப்பு நன்றாகவே இருக்கலாம். ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி ‘பிழை இருக்கிறதா’ என்பதைவிட ‘எப்போது வந்தது, மீண்டும் வருகிறதா’ என்பதே. நான்கு பதிவுகளையும் அந்த அளவுகோலில்தான் வைத்துப் பார்க்கிறேன்.

ஈவென்ட் வியூவரின் பெரிய பலம், அது யாரும் கேட்காமலேயே எல்லாவற்றையும் தேதியோடு சேமித்துவைப்பது. ‘டிஸ்க்’ என்ற மூலத்திலிருந்து வரும் 7ஆம் எண் நிகழ்வு கெட்ட பிளாக் (படிக்க முடியாத பகுதி) ஒன்று இருப்பதைச் சொல்கிறது. 153 என்றால் ஒரு படித்தலோ எழுதுதலோ மறுபடி முயலப்பட்டது. 129 என்றால் பதில் வராததால் சாதனம் மீட்டமைக்கப்பட்டது. 52 என்றால் தட்டே தன் முடிவு நெருங்குவதை முன்னறிவிக்கிறது. இவற்றுக்கு அருகிலேயே 41ஆம் எண் கர்னல்-பவர் நிகழ்வும் 6008ஆம் நிகழ்வும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் அவை கணினி ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதைக் காட்டுபவை. 7ஆம் நிகழ்வு எப்போதும் 41க்குப் பின்னரே வருகிறது என்றால் ஐயம் மின்சாரத்தின்மேல் விழ வேண்டும். மின்தடை இல்லாத நாள்களிலும் வந்தால் தட்டின்மேல்.

ஆனால் விண்டோஸ் சொல்லும் முறை மங்கலானது. 153 பிழை நேர்ந்த பிளாக்கின் முகவரியை வெளிப்படையாகத் தருகிறது. 7ஆம் நிகழ்வின் வாசகமோ ‘ஹார்ட்டிஸ்க் 1’ என்ற அளவில் நின்றுவிடுகிறது, முகவரி கீழே இருக்கும் இரும எண் குவியலுக்குள் புதைந்துகிடக்கிறது. 51ஆம் நிகழ்வைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். யுஎஸ்பி தட்டை முறையாக விடுவிக்காமல் பிடுங்கினாலும் அது வரலாம். எண்ணிக்கை 0இலிருந்து தொடங்குவதால் ‘ஹார்ட்டிஸ்க் 1’ என்பது இரண்டாவது தட்டு என்பதை மறந்து, நல்ல தட்டைக் கழற்றிவிடும் அபாயமும் உண்டு.

கர்னல் பதிவு இதைவிட எவ்வளவோ தெளிவானது. சாட்டா (தட்டைக் கணினியோடு இணைக்கும் வழக்கமான முறை) இணைப்பில் பிழை நேர்ந்தால் எந்தக் கட்டளை தோற்றது, தட்டு எந்தக் காரணத்தைத் திருப்பிச் சொன்னது, எந்த செக்டர் என்பதையெல்லாம் லினக்ஸ் அடுத்தடுத்த வரிகளில் எழுதுகிறது. அவற்றுள் தீர்மானகரமானவை இரண்டு சொற்கள். ‘யுஎன்சி’ என்று இருந்தால், கட்டளை தட்டுக்குப் போய்ச் சேர்ந்தது, தட்டு தேடிப் பார்த்தது, அந்த இடத்தைப் படிக்க முடியவில்லை என்று பொருள். கேபிளுக்கு அதில் பங்கில்லை. ‘ஐசிஆர்சி’ என்று இருந்தால், தரவு வழியில் சிதைந்தது. கேபிள், இணைப்பி, சில வேளைகளில் பவர் சப்ளை ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டர்பன் போன்ற கடலோர ஊரில், ஈரப்பதத்தால் மங்கிப்போன இணைப்பியைக் கழற்றிப் புதிய கேபிளைப் போட்டாலே இரண்டாவது வகைப் பிழை நின்றுவிடுவது அரிதன்று.

இரண்டும் இல்லாமல், கட்டளைக்கு நேரம் கடந்துவிட்டது என்றும் இணைப்பு வலுக்கட்டாயமாக மீட்டமைக்கப்படுகிறது என்றும் மட்டும் வரிகள் வரும்போதுதான் தேர்ந்தவர்களும் தடுமாறுகிறார்கள். பார்வைக்கு அது கேபிள் கோளாறு போலவே இருக்கும். அதைத் தொடர்ந்து இணைப்பின் வேகம் 1.5 கிகாபிட்டுக்குக் குறைக்கப்பட்டதாக வரும் வரி அந்த எண்ணத்தை உறுதிப்படுத்துவதுபோலத் தோன்றும். உண்மைக் காரணம் வேறாக இருக்கலாம். வீட்டுக் கணினிகளுக்கென விற்கப்படும் தட்டுகள் ஒரு கெட்ட செக்டரை எப்படியாவது படித்துவிட வேண்டும் என்று ஒரு நிமிடத்துக்கு மேலும் முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸோ இயல்பமைப்பில் 30 விநாடிகளே காத்திருக்கும். தட்டு ‘யுஎன்சி’ என்று வாய்திறப்பதற்கு முன்பே கர்னல் பொறுமையிழந்து இணைப்பை மீட்டமைத்துவிடுகிறது. பிழையின் உண்மைப் பெயர் பதிவில் ஏறாமலே போகிறது. நேஸ் (வலையமைப்பில் பலர் பகிரும் சேமிப்பு) பெட்டிகளுக்கான தட்டுகளில் இம்முயற்சி பெரும்பாலும் 7 விநாடிகளுக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால் இக்குழப்பம் அங்கே குறைவு. காத்திருப்பு நேரத்தை 180 விநாடிகளாக உயர்த்திவிட்டு அதே கோப்பை மறுபடி படிக்கச் செய்தால், பல வேளைகளில் மறைந்திருந்த ‘யுஎன்சி’ வெளியே வரும். கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்துக் காசை வீணடிப்பதற்கு முன் செய்யத்தக்கது இது.

கர்னல் பதிவின் பலவீனம் அதன் நினைவாற்றலில் இருக்கிறது. பதிவைத் தட்டில் நிரந்தரமாக வைக்கும்படி ஜர்னல் (லினக்ஸின் பதிவுச் சேமிப்பு) அமைக்கப்படாவிட்டால், கணினி மறுதொடக்கம் ஆனதும் பழையவை அழிந்துபோகும். மின்வெட்டுக்கு முன் என்ன நடந்தது என்பதைத்தான் அறிய விரும்புகிறோம், அதுவே போய்விடும். பழுதாகும் தட்டிலேயே இயங்குதளமும் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும்: கோப்பமைப்பு படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாறிய பின், கடைசிப் பிழைகளை எழுதிவைக்க இடமே இருக்காது. இந்த ஓர் அம்சத்தில் விண்டோஸின் பழக்கம் மேலானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஸ்மார்ட் எண்களுக்கு அந்தக் குறை இல்லை. அவை தட்டுக்குள்ளேயே இருப்பதால் இயங்குதளத்தை அழித்து மறுபடி நிறுவினாலும், தட்டை வேறு கணினியில் மாட்டினாலும் கூடவே வரும். பார்க்க வேண்டியவை சிலவே; ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. 5 மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 187 திருத்த முடியாமல் அறிவிக்கப்பட்ட பிழைகள். 197 தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள். 198 தட்டின் தற்சோதனையில் படிக்க முடியாமல் போனவை. 199 வழியில் சிதைந்த தரவு. இந்நாட்டில் இவற்றோடு 192ஐயும், அதாவது மின்சாரம் போய்த் தலைகள் அவசரமாக ஒதுங்கிய எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (ஸ்மார்ட் எண்களைக் காட்டும் விண்டோஸ் நிரல்) பயன்படுத்துவோர் கவனிக்க: அது அடையாள எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டுவதால் 197 அங்கே ‘சி5’ என்றும் 199 ‘சி7’ என்றும் தோன்றும். சீகேட் தட்டுகளில் 1, 7 என்ற அடையாள எண்களின் மூல மதிப்பு கோடிக்கணக்கில் இருப்பது இயல்பே. அதைக் கண்டு தட்டைத் தூக்கி எறிய வேண்டாம்.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளைக் கண்காணித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை (தட்டு தன் மேற்பரப்பைத் தானே படித்துப் பார்க்கையில் காணும் பிழை) தோன்றிய தட்டு அடுத்த 60 நாள்களில் பழுதாகும் வாய்ப்பு, அப்பிழை இல்லாத தட்டைவிட 39 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அதே ஆய்வில், பழுதான தட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை வலுவான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயின என்பதும் தெரிந்தது. இணையவழித் தரவுக் காப்பு சேவை தரும் பேக்பிளேஸ் நிறுவனம் 2016இல் தான் கவனிக்கும் ஐந்து எண்களைப் பற்றி எழுதியபோது, பழுதான தட்டுகளில் 76.7 விழுக்காடு அவற்றில் ஒன்றையாவது காட்டியதாகவும், ஓடிக்கொண்டிருந்த தட்டுகளில் 4.2 விழுக்காடு மட்டுமே அப்படிக் காட்டியதாகவும் சொன்னது. ஆகவே எண் ஏறினால் நம்பலாம். ஏறாததை நற்சான்றாகக் கொள்ளக் கூடாது. ‘பாஸ்டு’ என்ற வரிக்கு நான் மதிப்புக் கொடுக்காததன் காரணமும் இதுவே: உற்பத்தியாளர் வைத்த எல்லையைக் கடந்தால்தான் அது மாறும், அந்த எல்லை பெரும்பாலும் மிகத் தாராளமானது.

ஸ்மார்ட்டின் இன்னொரு குறை காலம் பற்றியது. தட்டின் சுருக்கப் பிழைப்பட்டியல் கடைசி ஐந்து பிழைகளை மட்டுமே விவரமாக வைத்திருக்கும். நேரத்தையோ நாள்காட்டித் தேதியாகக் குறிக்காமல், தட்டு இயங்கிய மணிநேரக் கணக்கில் குறிக்கும். இரவும் பகலும் ஓடும் சர்வரில் அதைத் தேதியாக மாற்றுவது எளிய கழித்தல். நாளுக்கு இரண்டு மூன்று முறை அணைந்து எழும் சாட்ஸ்வர்த் கணினியில் அந்தக் கழித்தல் பொய்த்துவிடும். எனவேதான் தேதியுள்ள கர்னல் பதிவை முதலில் வைக்கிறேன்.

இனி ஒரே ‘யுஎன்சி’ வரியைக் காட்டும் இரண்டு கணினிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். முதலாவதில் மின்சாரம் திரும்பி வந்த சில நிமிடங்களில் ஒரே ஓர் இடத்தில் பிழை வருகிறது. 192 கூடியிருக்கிறது, 197இல் 8 நிற்கிறது, 5இன் கணக்கு பூச்சியம். எட்டு என்பது எட்டுப் புண்கள் அல்ல. பல தட்டுகளில் 4096 பைட் கொண்ட ஓர் உண்மையான செக்டர், 512 பைட் கணக்கில் எட்டாகத் தெரிவதே அது. நகலிலிருந்து அக்கோப்பை மீட்டு, அந்த இடத்தின்மேல் மறுபடி எழுதியதும் 197 பூச்சியத்துக்கு இறங்குகிறது, 5 அசையவில்லை, நெடுஞ்சோதனை இறுதிவரை ஓடுகிறது. தட்டு நலமாக இருக்கிறது, யுபிஎஸ்தான் தேவை. இரண்டாவது கணினியில் மின்தடையே இல்லாத பிற்பகலில் பிழை வருகிறது. மேலே எழுதியவுடன் 197 இறங்குகிறது, ஆனால் 5 ஏறுகிறது. சில நாள்களில் வேறோர் இடத்தில் 197 மீண்டும் தலைதூக்குகிறது. இந்தத் தட்டிலிருந்து தரவை இன்றே வெளியேற்ற வேண்டும். ஒரே வரியைப் பார்த்து இரண்டு தட்டுகளையும் குப்பையில் போடுவதும் தவறு, இரண்டையும் வைத்துக்கொள்வதும் தவறு.

நெடுஞ்சோதனையைத் தீர்ப்பாளர் என்றேன். அது தட்டுக்குள்ளேயே நடப்பதால் கேபிள் வழியே தரவு எதுவும் போவதில்லை. ஆகவே 199 ஏறிக்கொண்டே இருந்து நெடுஞ்சோதனை சுத்தமாக முடிந்தால் கோளாறு வெளியே இருப்பது ஏறக்குறைய உறுதி. சோதனை படிப்புப் பிழையோடு நின்றால் படிக்க முடியாத இடம் தட்டுக்குள்ளேயே இருப்பது உறுதி, முதல் பிழையின் முகவரியும் கையில் கிடைக்கும். 199 ஒருபோதும் பூச்சியத்துக்குத் திரும்பாது என்பதால், கேபிளை மாற்றியபின் அது மேலும் ஏறுகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும். ஒன்றிரண்டு நிமிடங்களில் முடியும் குறுஞ்சோதனை மேற்பரப்பின் சிறு பகுதியையே தொடுகிறது; அதன் வெற்றி எனக்குப் பெரிதாகப் படுவதில்லை.

எஸ்எஸ்டிகளுக்கு (சுழலும் தட்டில்லாத சேமிப்பகங்கள்) மேற்சொன்ன எண்கள் அப்படியே பொருந்தா. யுஎஸ்பி பெட்டிகளில் சில, ஸ்மார்ட் கட்டளைகளைத் தட்டுவரை கடத்துவதே இல்லை. அப்போது தட்டைப் பெட்டியிலிருந்து கழற்றி நேரடியாக சாட்டாவில் மாட்டுவதுதான் வழி.

நெடுஞ்சோதனைக்கு இங்கே இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, அது முழுப் பரப்பையும் மணிக்கணக்கில் படிப்பதால், இரண்டாவது கணினியைப் போல் ஏற்கெனவே மோசமாகிவரும் தட்டில் அதைத் தொடங்குவதற்கு முன், டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் கொண்டு தரவை நகலெடுத்துவிட வேண்டும். இரண்டாவது, பல டெராபைட் தட்டில் சோதனை முடிவதற்குள் மின்வெட்டு வந்துவிடலாம். அப்போது பதிவில் சோதனை இடையில் நிறுத்தப்பட்டதாகவே வரும். அதைத் தோல்வி என்று படித்துவிடக் கூடாது. ஸ்மார்ட் எண்களைப் படிக்கவும் சோதனைகளை ஓட்டவும் உதவும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் முகவரி எல்லை கொடுத்துச் சோதிக்கும் தெரிவுச் சோதனை இருக்கிறது: கர்னல் பதிவு தந்த செக்டரைச் சுற்றியுள்ள பகுதியை முதலில் சோதித்துவிட்டு, மீதியை மின்வெட்டு அட்டவணையின் இடைவெளிகளுக்கு ஏற்பத் துண்டு துண்டாக ஓட்டிக்கொள்ளலாம்.