88 வயதா, 38 வயதா? பாலக்காட்டு எல்லையிலிருந்து ஓர் அலசல்

2021ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் பாலக்காட்டு வாக்காளர் முன் நின்ற முக்கியப் போட்டியாளர் இருவருக்கும் இடையில் ஐம்பது வயது இடைவெளி இருந்தது. பாரதிய ஜனதா கட்சியின் சார்பில் நின்ற 'மெட்ரோ மேன்' என்று அறியப்படும் மெட்ரோ ரயில் பொறியாளர் இ. ஸ்ரீதரனுக்கு 88 வயது. காங்கிரஸின் ஷாஃபி பறம்பிலுக்கு 38. ஷாஃபி வென்றார், ஆனால் 3,859 வாக்கு வித்தியாசத்தில்தான். முதுமையை ஒரு குறையாகவே கருதாதவர்கள் தொகுதியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை அந்த வித்தியாசமே சொல்லிவிடுகிறது.

அரசியலமைப்பு கீழ்வரம்பை மட்டுமே வகுத்திருக்கிறது: சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25 வயது, ஊராட்சிக்கு 21. மேல்வரம்பை வாக்காளரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. ஆகவே அவர் கேட்க வேண்டியது வேட்பாளர் பிறந்த ஆண்டை அல்ல, வரப்போகும் ஐந்து ஆண்டுகளில் அவர் தொகுதிக்குக் கிடைப்பாரா என்பதைத்தான் என்று கருதுகிறேன்.

மூத்தவர்கள் பக்கம் முதலில் பார்ப்போம். 2016 மே 16 அன்று தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாளில் வாக்களித்தன. வாளையாறும் கஞ்சிக்கோடும் அடங்கிய மலம்புழாவில் 92 வயது வி. எஸ். அச்சுதானந்தனும், திருவாரூரில் 91 வயது மு. கருணாநிதியும் வெற்றி பெற்றார்கள். இரு மாநிலச் செய்திகளையும் ஒரே திண்ணையில் பேசும் எல்லையோரத் தமிழருக்கு அது பெருமிதமான செய்திதான். ஆனால் கருணாநிதியின் உடல்நலம் அந்த ஆண்டின் இறுதியிலேயே குன்றியது. 2018 ஆகஸ்டில் அவர் மறைந்தார். 2019 அக்டோபரில் பக்கவாதத்துக்கு ஆளான அச்சுதானந்தன் அதன்பின் பொதுவாழ்வுக்குத் திரும்பவே இல்லை. அவர்களுடைய தகுதியை யாரும் குறை சொல்ல முடியாது. ஆயினும் பதவிக்காலத்தின் பெரும்பகுதியிலோ கடைசிப் பகுதியிலோ தொகுதி தன் உறுப்பினரின் குரலை இழந்தே இருந்தது.

அப்படியானால் இளையவரே பாதுகாப்பான தேர்வா? அதே பாலக்காடு வேறு கதை சொல்கிறது. ஷாஃபி 2024இல் வடகரையிலிருந்து மக்களவைக்குச் சென்றார். பாலக்காடு அந்த நவம்பரில் இடைத்தேர்தலைச் சந்தித்தது. நோயால் தொகுதி வெறுமையாவதும், மேலே ஏறும் வாய்ப்பால் வெறுமையாவதும் வாக்காளருக்கு ஒன்றுதான். முன்னதற்கு அனுதாபமாவது உண்டு. பின்னதைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் கேள்வி எழுப்புவதில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

அனுபவத்தின் மதிப்பை எங்கள் பகுதியில் தண்ணீர்தான் காட்டித்தருகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின்படி எல்லையிலுள்ள மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்குத் தமிழ்நாட்டிலிருந்து 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்கு வர வேண்டும். 1970இல் கையெழுத்தாகி, 1958 முதல் நடைமுறையிலிருப்பதாகக் கொள்ளப்படும் அந்த ஒப்பந்தத்தை விதி விதியாகத் தெரிந்தவரே, மழைநிழல் பகுதியான கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி விவசாயிகளுக்காகப் பொள்ளாச்சிப் பக்கத்து அதிகாரிகளிடம் வாதாட முடியும். 1944இல் பிறந்த கே. கிருஷ்ணன்குட்டியைப் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தொகுதி தேர்ந்தெடுத்ததில் இந்தக் கணக்கும் ஒன்று. அவர் நீர்வளத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்றபோதே எழுபதைக் கடந்திருந்தார். ஆனால் அந்த அறிவு வயதோடு தானாக வந்துவிடுவதில்லை. கூட்டத்துக்கு வரும் வேட்பாளரிடம் "மணக்கடவுக்குப் போன மாசம் எவ்வளவு தண்ணி வந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், நாற்பது வயதுக்காரர் சொல்லிவிடலாம், எழுபது வயதுக்காரர் தலையைச் சொறியலாம்.

கட்சிகள் இதை விதியால் தீர்க்க முயன்றதுண்டு. மார்க்சிஸ்ட் கட்சி 2022 கண்ணூர் மாநாட்டில் மத்தியக் குழுவுக்கு 75 வயது வரம்பை நடைமுறைப்படுத்தியது. பினராயி விஜயனுக்கு விலக்கும் அளித்தது. விலக்கு தேவைப்படும்போது வரம்பின் வலு குறைந்துவிடுகிறது. அதைவிட, 2021இல் அதே கட்சி கொண்டுவந்த, தொடர்ந்து இருமுறை வென்றவருக்கு இடமில்லை என்ற நெறி எனக்கு நியாயமாகப் படுகிறது: அது பிறந்த ஆண்டைப் பார்க்காமல் நாற்காலியில் இருந்த காலத்தைப் பார்க்கிறது. தாமஸ் ஐசக் போன்ற திறமையான அமைச்சர்களையும் அது வெளியே நிறுத்தியது என்பது அதன் விலை.

ஊராட்சியில் மட்டும் என் தராசு இளையவர் பக்கம் சாய்கிறது. வார்டு உறுப்பினரின் வேலை தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், ஓய்வூதிய விண்ணப்பம் என்று நாள்தோறும் நடக்க வேண்டியது. திருவனந்தபுரம் மாநகராட்சியே 2020இல் 21 வயது ஆர்யா ராஜேந்திரனை மேயராக்கியிருக்கும்போது, கொழிஞ்சாம்பாறையின் ஒரு வார்டுக்கு 21 வயது குறைவு என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை.