நாலு கட்டமா, காலண்டரா, மூன்று சீட்டுப் பலகையா? வேலை குவியும்போது எது தாக்குப்பிடிக்கிறது

ஆபீஸ் வேலையும் வீட்டு வேலையும் ஒரே நேரத்தில் நெருக்கும்போது எதை முதலில் எடுப்பது? இதற்குப் பொதுவாக மூன்று வழிகள் சொல்வார்கள். அவசரம், முக்கியம் என்று பிரித்து நாலு கட்டத்துக்குள் போடுவது ஒன்று. ஒவ்வொரு வேலைக்கும் காலண்டரில் நேரம் ஒதுக்கிவிடுவது இன்னொன்று. ஒரு சமயத்தில் கையில் மூன்று வேலைக்கு மேல் வைத்துக்கொள்ளாத பலகை மூன்றாவது. மூன்றையும் ஆபீஸிலும் வீட்டிலும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு நான் பலகையோடு நின்றுவிட்டேன். அதனால் இந்த அலசல் பலகைப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். மற்ற இரண்டும் யாருக்குப் பொருந்தும் என்பதையும் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் எழுதிவைத்தால் மனம் லேசாகும் என்பது தெரிந்த விஷயம். அதில் ஒரே ஒரு நுணுக்கம் உண்டு. முடியாத வேலை மனதை அரித்துக்கொண்டே இருக்கும் என்பதை 1927-லேயே உளவியலாளர் புளூமா செய்கார்னிக் எழுதினார். மாசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: அந்த அரிப்பு அடங்க வேலை முடிந்திருக்க வேண்டும் என்றில்லை. எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவான திட்டம் இருந்தாலே போதும். இந்த நிம்மதி மூன்று வழியிலும் கிடைக்கும் என்பதால், எது சிறந்தது என்று தீர்மானிக்க இது உதவாது.

நாலு கட்டம்

அமெரிக்க அதிபராக இருந்த ஐசன்ஹோவர் 1954-ல் எவன்ஸ்டனில் ஆற்றிய உரையில், தன்னிடம் இரண்டு வகைப் பிரச்சினைகள் இருப்பதாகச் சொன்னார். அவசரமானவை முக்கியமில்லை, முக்கியமானவை ஒருபோதும் அவசரமில்லை என்றார். அதையும் முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவர் சொன்னதாகத்தான் குறிப்பிட்டார். நாலு கட்டமாக அதை வரைந்தது பின்னால் வந்தவர்கள்.

இந்த முறைக்கு ஒரு உண்மையான பலம் இருக்கிறது. கெடு நெருங்குகிறது என்ற ஒரே காரணத்துக்காக மதிப்புக் குறைந்த வேலையை எடுத்துச் செய்யும் பழக்கம் நம் எல்லோரிடமும் உண்டு. மெங் ஜூ, யாங் யாங், கிறிஸ்டோஃபர் ஷீ மூவரும் 2018-ல் வெளியிட்ட சோதனைகளில் இது அப்படியே தெரிந்தது. அதிகப் பலன் தரும் வேலை பக்கத்திலேயே இருந்தும், நேரம் முடியப்போவதாகக் காட்டப்பட்ட வேலையின் பக்கம் பலர் சாய்ந்தார்கள். நாலு கட்டம் இந்தச் சாய்வைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. என்ன செய்கிறோம் என்றே புரியாமல் ஓடிக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறையாவது தங்கள் வேலைகளை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்.

வீட்டுக்குள் வந்ததும் இது திணறுகிறது. 'அவசரம், ஆனால் முக்கியமில்லை' என்ற கட்டத்துக்கு எதிரே 'அடுத்தவரிடம் ஒப்படை' என்று எழுதியிருக்கும். அதிபருக்குக் கீழே அலுவலகமே இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல், குழாய் ஒழுகுகிறது, பள்ளிப் படிவத்தை நாளைக்குள் கொடுக்க வேண்டும் என்றால் யாரிடம் ஒப்படைப்பது? இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019-ல் எழுதிய ஆய்வு, வீட்டு வேலையின் கண்ணுக்குத் தெரியாத பகுதியை நான்காகப் பிரித்தது: தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கவனிப்பது. 'நீ போய் வாங்கிட்டு வா' என்று ஒப்படைக்கும்போது கைமாறுவது வாங்கும் வேலை மட்டும்தான். மற்ற நான்கும் ஒப்படைத்தவர் தலையிலேயே இருக்கும். கட்டத்தில் ஒன்று காலியானதுபோலத் தெரியும், ஆனால் சோர்வு குறையாது.

காலண்டர்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம் உறுதியாகக் கிடைப்பவர்களுக்கு இதைவிட நல்ல முறை இல்லை. எழுதுபவர்கள், பரீட்சைக்குப் படிப்பவர்கள், நீண்ட கணக்குவழக்குப் பார்ப்பவர்கள் தயங்காமல் இதையே எடுக்கலாம்.

மற்றவர்களுக்கு இடிப்பது நம்முடைய மதிப்பீடு. ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்க சராசரியாக சுமார் 34 நாள் ஆகும் என்று கணித்தார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே தப்பாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோதுகூட அவர்கள் சொன்னது சுமார் 49 நாள்தான். நம் மோசமான கணிப்பே இவ்வளவு நம்பிக்கையோடு இருக்கும்போது, காலை பத்து முதல் பதினொன்று வரை இது, பதினொன்று முதல் பன்னிரண்டு வரை அது என்று நெருக்கமாக அடுக்கினால் முதல் வேலை நீண்டதுமே அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் சரிந்துவிடும். சாயங்காலம் பார்க்கும்போது காலண்டர் முழுக்கச் செய்யாமல் விட்டவையே நிற்கும்.

பலகை

கான்பான் என்ற பெயரில் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டொயோட்டா தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்த முறை இது. அலமாரியில் எடுத்த அளவுக்கு மட்டும் மறுபடி நிரப்பும் அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகள் அவருக்கு முன்மாதிரி. அடுத்த கட்டத்துக்குத் தேவைப்படும்போது மட்டுமே முந்தைய கட்டம் பொருளைத் தயாரிக்கும். தேவையைச் சொல்வதற்கு ஒரு அட்டை. 2000-களில் மென்பொருள் குழுக்கள் இதைத் தங்கள் வேலைக்கு மாற்றிக்கொண்டன. அங்கிருந்து தனிமனிதர்களின் சுவர்களுக்கும் வந்துவிட்டது.

பலகையில் மேலிருந்து கீழாக மூன்று பத்தி வரைந்தால் போதும்: காத்திருப்பவை, கையில் இருப்பவை, முடிந்தவை. ஒரு வேலைக்கு ஒரு சீட்டு. கையில் இருப்பவை பத்தியில் மூன்று சீட்டுக்கு மேல் கூடாது. ஒன்று முடிந்து நகர்ந்தால்தான் காத்திருப்பதிலிருந்து அடுத்ததை இழுக்கலாம். பத்திகளை மட்டும் வரைந்துவிட்டு இந்த வரம்பை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். வரம்பு இல்லாத பலகை, சுவரில் ஒட்டிய நீளப் பட்டியல்தான்.

ஏன் மூன்று? நெல்சன் கோவன் 2001-ல் எழுதிய கட்டுரை, நம் மனம் ஒரே நேரத்தில் உயிர்ப்போடு வைத்திருக்கக்கூடியது சுமார் நான்கு விஷயங்கள் என்கிறது. மூன்று வைத்தால் திடீரென்று வரும் ஒன்றுக்கு இடம் மிஞ்சும் என்பது என் கணக்கு. நான்கு வைத்தும் சமாளிப்பவர்கள் இருக்கலாம்.

கணக்கு என்றதும் இன்னொன்று. ஜான் லிட்டில் 1961-ல் நிறுவிய ஒரு விதி வரிசைகளைப் பற்றியது: கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, முடிக்கும் வேகத்தால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எவ்வளவு காலம் கையில் கிடக்கும் என்று வரும். வாரத்துக்கு ஐந்து வேலை முடிப்பவர் இருபதைத் தொட்டு வைத்திருந்தால், ஒவ்வொன்றும் சராசரியாக நான்கு வாரம் அரைகுறையாகக் கிடக்கும். பத்தாகக் குறைத்தால் இரண்டு வாரம். அவர் முன்னைவிட வேகமாக ஓடவில்லை, அதே ஐந்தைத்தான் முடிக்கிறார். ஆனால் 'அது என்ன ஆச்சு?' என்ற கேள்விகள் பாதியாகிவிடும். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததுக்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் 2009-ல் காட்டினார். அந்த ஒட்டலும் குறைவதால் ஐந்து ஆறாகவும் ஆகலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. காத்திருப்பவை பத்திக்கும் அதே விதிதான். கேட்டதையெல்லாம் அங்கே குவித்துக்கொண்டே போனால், கேட்ட நாளிலிருந்து முடிக்கும் நாள் வரை ஆகும் மொத்தக் காலம் குறையவே குறையாது. சில வேலைகளை வேண்டாம் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். பலகை அந்தப் பேச்சைச் சுலபமாக்குகிறது. மேலதிகாரியிடம் 'சார், இதை இன்றைக்கே எடுக்கிறேன், இந்த மூன்றில் எதை இறக்கி வைக்கட்டும்?' என்று கேட்க முடிகிறது. முடியாது என்று சொல்வதைவிட இந்தக் கேள்விக்கு நியாயமான பதில் கிடைக்கிறது. பல நேரம் 'அப்ப இது அடுத்த வாரம் பாத்துக்கலாம்' என்பதே பதிலாக வரும்.

பராமரிப்பு

என் முடிவைத் தீர்மானித்தது இதுதான். எந்த முறையும் நல்ல வாரத்தில் வேலை செய்யும். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டார், ஆபீஸில் ஒரு பெரிய கோளாறு, நாலைந்து நாள் எதையும் திறந்து பார்க்கவில்லை. அப்புறம் திரும்பி வரும்போது அந்த முறை உங்களிடம் என்ன கேட்கிறது என்று பாருங்கள்.

நாலு கட்டத்தில் ஒவ்வொரு வேலையையும் மறுபடி எடைபோட வேண்டும். போன திங்களன்று அவசரமில்லாதது இப்போது அவசரம். அன்று முக்கியமாக இருந்தது கெடு தாண்டி அர்த்தமில்லாமல் போயிருக்கும். முப்பது வேலை இருந்தால் முப்பது முடிவு, அதுவும் நீங்கள் மிகவும் களைத்திருக்கும் நாளில். காலண்டரில் கடந்துபோன ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்து வேறொரு இடத்தில் நட வேண்டும், நட்ட இடத்தில் ஏற்கெனவே வேறொன்று இருக்கும். செயலியாக இருந்தால் தாமதமானவை சிவப்பில் மின்னும். பலர் இந்த இடத்தில்தான் முறையையே கைவிடுகிறார்கள். அது சோம்பலால் இல்லை. தெம்பு குறைவாக இருக்கும் நேரத்தில் முறை அதிகம் கேட்கிறது.

பலகையில் சீட்டுகள் விட்ட இடத்தில் இருக்கும். கையில் மூன்று, மற்றவை காத்திருக்கின்றன. அந்த மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஒன்றைத் தொடரலாம். முடிவெடுக்க வேண்டியது ஒரு இடம் காலியாகும்போது மட்டும்தான், அப்போதும் ஒரே ஒரு சீட்டைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். காத்திருக்கும் முப்பதையும் வரிசைப்படுத்தி வைக்கத் தேவையே இல்லை. அந்த நேரத்தில் நான் பார்ப்பது மூன்று விஷயம். தள்ளிப்போட்டால் உண்மையாகவே அபராதமோ நஷ்டமோ வருமா? நான் முடிக்காததால் யாராவது நகர முடியாமல் நிற்கிறார்களா? நாளாக ஆக வளரும் பிரச்சினையா? பல்வலியும் கூரை ஒழுக்கும் வளரும். அலமாரியை ஒழுங்குபடுத்துவது வளராது, அது அப்படியே காத்திருக்கலாம்.

ஆபீஸுக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரே வரம்பு வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு ஆபீஸ் சீட்டு, ஒரு வீட்டுச் சீட்டு. தனித்தனியாக மும்மூன்று என்று வைத்தால் சுமக்கும் தலை ஒன்றுதான் என்பது மறந்துபோகும். வீட்டில் முக்கியமான மாதங்களில் இந்த விகிதத்தை மாற்றிக்கொள்ளலாம்.

பலகையைக் கெடுப்பவை சில உண்டு. சமையல், துவைப்பது, மெயில் பார்ப்பது போன்ற அன்றாட வேலைகளைச் சீட்டாக்கினால் அது நிரம்பி வழியும். தினசரி வேலை தினசரி வேலையாகவே ஓடட்டும். பிறர் பதிலுக்காக நிற்கும் சீட்டை ஓரத்தில் ஒதுக்கி, எப்போது மறுபடி கேட்பது என்று தேதி எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் மூன்றில் ஓர் இடத்தை அது அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு சீட்டு வாரக்கணக்கில் நகரவில்லை என்றால் பெரும்பாலும் அது ரொம்பப் பெரியது. 'காப்பீடு' என்று எழுதியதை யாரும் ஒரு சாயங்காலத்தில் முடிக்க முடியாது. 'காப்பீட்டுப் படிவத்தை நிரப்பி அனுப்புவது' என்றால் முடிக்கலாம்.

தேதி விஷயத்தில் பலகை பலவீனமானது, இதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். கட்டணம் கட்டும் கடைசி நாள், டாக்டர் அப்பாயின்ட்மென்ட், பரீட்சை ஆகியவற்றை அது ஞாபகப்படுத்தாது. அவற்றை மட்டும் காலண்டரில் போட்டு அலாரம் வைத்துவிடுகிறேன். அதாவது காலண்டரை நான் விட்டுவிடவில்லை. நாள் நேரம் குறித்த விஷயங்களோடு அதை நிறுத்திக்கொண்டேன்.

கூப்பிட்ட நிமிடம் ஓட வேண்டிய வேலைகளில், உதாரணமாக வாடிக்கையாளர் உதவி மையத்திலோ மருத்துவமனை வார்டிலோ, வரம்பு உங்கள் கையில் இருக்காது. அத்தகைய வேலையை நான் செய்ததில்லை, அதனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். மூன்றில் ஒரு இடத்தை எப்போதும் காலியாக வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஷிஃப்ட் மாறி மாறி வருபவர்களுக்குக் காலண்டர் முறை இன்னும் கடினமாக இருக்கும் என்பது என் ஊகம்.

காகிதமா செயலியா என்பது பெரிய கேள்வி இல்லை. வீட்டில் மற்றவர்களும் பார்க்க வேண்டும் என்றால் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் சீட்டுகள் நல்லது. காத்திருக்கும் சீட்டைப் பார்த்துவிட்டு 'இதை நான் எடுத்துக்கிறேன்' என்று ஒருவர் தானாக எடுக்கும்போது, தேவையை உணர்வது சீட்டை எழுதியவரோடு முடிந்துவிட்டாலும், வழி தேடுவது முதல் கவனிப்பது வரை மற்ற மூன்று வேலைகளும் சேர்ந்தே கைமாறலாம். ஆபீஸ், பயணம் என்று அலைபவர்களுக்கு ட்ரெல்லோ போன்ற செயலி வசதி.

கொஞ்ச காலம் நடத்திய பிறகு பலகையில் ஒன்றைக் கவனியுங்கள். வாரம் முடியும்போது முடிந்தவற்றையும் புதிதாகச் சேர்ந்தவற்றையும் எண்ணிப் பாருங்கள். தொடர்ந்து பல வாரங்கள் சேர்வதே அதிகமாக இருந்தால், வரிசையை எப்படி மாற்றினாலும் தீராது. ஒருவர் செய்யக்கூடியதைவிட அதிக வேலை அங்கே இருக்கிறது. அந்த இரண்டு எண்களையும் எழுதி எடுத்துக்கொண்டு, ஆபீஸ் சீட்டுகள் என்றால் மேலதிகாரியிடமும், வீட்டுச் சீட்டுகள் என்றால் குடும்பத்தாரிடமும் உட்கார்ந்து பேசுங்கள்.