யன்னல் தலைப்புக்கு ஃபிரில்லா, பெல்மெட்டா? நானுஓயா வீட்டில் ஆறு வருஷம்

நுவரெலியாவுக்குப் பக்கத்தில் நானுஓயாவில் வீடு கட்டிக் குடிவந்து ஆறு வருஷமாகிறது. திரைச்சீலைகள் அன்று வாங்கியவைதான். ஆனால் அதற்கு மேலே, கம்பியையும் வளையங்களையும் மறைக்கப் போடும் அலங்காரத்தை (சுருக்குத் துணியென்றால் ஃபிரில், பலகைப் பெட்டியென்றால் பெல்மெட்) மட்டும் மூன்று தரம் மாற்றிவிட்டோம். புதிதாக வீடு கட்டுகிற இரண்டு பேர் என்னிடம் இதைப் பற்றி விசாரித்ததால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஹோல். தங்கச்சி பண்டாரவளையில் இருக்கிறாள். அவள் வீட்டு ஹோல் யன்னலில் சாட்டின் துணியைத் தோரணம் மாதிரி வளைவு வளைவாகத் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் வால் விட்டிருப்பாள். பார்க்க அவ்வளவு அழகு. அதே துணி, அதே அளவு, உள்ளுக்கு லைனிங்கும் கொடுத்துத் தைத்துக்கொண்டோம். ஓகஸ்ட் மாதம் மடிப்புகளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம். கழுவியும் போகவில்லை. தங்கச்சி வீட்டுத் துணி மட்டும் புதிதாகவே இருந்தது. காரணம் ஊரில் இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை எங்கள் பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி, பண்டாரவளை இருக்கிற ஊவாப் பக்கம் இறங்கும்போது காய்ந்த காற்றாகிவிடும். எங்களுக்கு மிஸ்ட் மூடிக் கிடக்கிற மாதங்களில் அவள் துணி காயப்போடுகிறாள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் இருப்பவர்கள் இந்தத் தோரண மாடலைத் தவிர்ப்பது நல்லது. மடிப்பு கூடக்கூட ஈரம் தங்கும்.

படுக்கையறைக்கு மரப் பெல்மெட். இதைத்தான் நான் மனதாரச் சொல்வேன். நுவரெலியாவில் சராசரி வெப்பநிலையே 16 பாகைக்குக் கிட்டத்தான், நாங்கள் மலையில் அதற்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறோம். இரவில் கண்ணாடி குளிர்ந்ததும் அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, திரைக்குக் கீழால் அறைக்குள் இறங்கும். அந்த இடத்தை நிரப்ப மேலே உள்ள இளஞ்சூட்டுக் காற்று திரைக்குப் பின்னால் போகும். விடியும்வரை இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். பெல்மெட்டின் மேல்பக்கத்தைப் பலகையால் மூடிவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. முன்பு தலைமாட்டில் சில்லென்று இறங்கிய காற்று இப்போது இல்லை, பிள்ளைக்கு இரண்டாவது கம்பளி தேவைப்படுவதில்லை. ஒன்று, முன்பலகை மட்டும் அடித்து மேலே திறந்து விட்டால் இந்தப் பலன் கிடைக்காது. மேல் மூடி கட்டாயம் வேண்டும், திரையும் யன்னல் விளிம்புக்கு நன்றாகக் கீழே இறங்க வேண்டும்.

அதிலும் முதல் தரம் ஏமாந்தோம். சிப்போர்டில் செய்து மேலே ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்கள். ஒரே மழைக்காலத்தில் கீழ் விளிம்பு ஊதி, பிஸ்கட் மாதிரி உதிரத் தொடங்கியது. பிறகு தெரிந்த தச்சு பாஸ் ஒருவர் லுணுமிதெல்ல மரப் பலகையில் செய்து தந்தார். பாரம் குறைவு, சுவரில் ஆணி இழுக்காது. "முன்னுக்கு மட்டும் பெயின்ட் அடிச்சா பலகை வளைஞ்சிரும், பின்னுக்கும் அடிங்க" என்றார். அடித்தோம். நாலு வருஷமாக நேராகவே நிற்கிறது.

குறையும் இருக்கிறது. திரைக்குப் பின்னால் கண்ணாடி இன்னும் குளிர்வதால் காலையில் நன்றாக வேர்த்திருக்கும். எழுந்ததும் திரையை முழுதாக ஒதுக்கி, கட்டையில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிடுவேன். ஒரு வாரம் சோம்பலாக விட்டாலும் யன்னல் கட்டை கறுக்கும்.

வெளிச்சத்தையும் யோசிக்க வேண்டும். நாள் முழுக்க மிஸ்ட் நிற்கிற ஊரில் கண்ணாடியை மறைப்பது பெரிய நஷ்டம். யன்னல் சட்டத்துக்கு ஐந்தாறு அங்குலம் மேலே ஏற்றி அடித்தால், கண்ணாடியில் இரண்டு அங்குலம்தான் மறையும். அறையும் கொஞ்சம் உயரமாகத் தெரியும்.

குசினிக்குச் சின்னப் பருத்தி ஃபிரில் போதும். நாலு அடி யன்னலுக்கு எட்டு முதல் பத்து அடி வரை துணி எடுத்தால் சுருக்கு நிறைவாக விழும். தொங்கல் பத்து அங்குலம் வைத்தோம். பொதுவாக முழுத் திரை நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் யன்னலை அமுக்குகிற மாதிரி இருக்கும். பருத்தியைத் தைப்பதற்கு முன்பே நனைத்துக் காயவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் கழுவலிலேயே சுருங்கி ஏறிப்போகும். அடுப்புக்கு நேரே உள்ள யன்னலில் துணியே போடவில்லை.

தையல் அக்கா சொன்ன ஒரு யோசனைக்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன். கம்பியில் கோர்க்காமல், மெல்லிய பலகையில் வெல்க்ரோ ஒட்டி அதில் ஃபிரில்லை ஒட்டவைத்தார். மாதம் ஒரு வெயில் நாள் கிடைத்தால் உரித்தெடுத்து, கழுவி, பின்னேரமே திருப்பி ஒட்டிவிடலாம். ஹோலிலும் இப்போது இதே ஏற்பாடுதான், லைனிங் இல்லாத ஒற்றைத் துணி. இரண்டு மழைக்காலம் போய்விட்டது, இன்னும் ஒரு புள்ளி விழவில்லை.